எலும்பு கூடக் கூடாது

"கூடிடுச்சு சார்! சும்மா சொல்லக் கூடாது, சின்னப் பையன் எலும்பு மாதிரி கூடியிருக்கு!"

மாவுக்கட்டுப் போடுகிறவர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தன் சொந்தப் பிள்ளை பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி சொன்னார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவருக்கு முகம் தொங்கிப் போயிற்று.

"நல்லாப் பாத்தீங்களா?"

"டாக்டரே பாத்து எழுதிட்டாரு சார். ஆறு வாரம் முடிஞ்சுது, கட்டைப் பிரிக்கலாம்னு."

"ஓரமா எங்கயாவது கொஞ்சம் கூடாம இருக்குமே?"

கட்டுப் போடுகிறவர் படத்தை இறக்கிவிட்டு ஆளைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடமாக ஊரார் கைகால்களைக் கட்டியும் பிரித்தும் வருகிற மனிதர் அவர். எலும்பு கூடவில்லையே என்று அழுதவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். கூடிவிட்டதே என்று கண் கலங்கியவரை அன்றைக்குத்தான் பார்த்தார்.

கலங்கியவர் ஒரு பாடநூல் பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவர். அச்சுக்குப் போகும் முன் பக்கங்களைப் படித்து, சிவப்புப் பேனாவால் பிழை திருத்த வேண்டும். விட்டுப்போன க், ச், த், ப்-களைத் துரத்திப் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்பதால் அலுவலகத்தில் அவருக்கு 'ஒற்று சார்' என்றே பெயர். வயது ஐம்பத்தெட்டு. மனைவி போய்ப் பதினோரு வருடம். வீட்டில் இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர் உட்காருவார், மற்றதில் தாள்கள் உட்கார்ந்திருக்கும். ஒரே மகள், ஒரு ராத்திரி ரயில் பயண தூரத்தில் வேலை பார்க்கிறாள்.

அந்த மகளோடு நான்கு வருடமாகப் பேச்சு இல்லை. காரணத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நிச்சயமான கல்யாணம் முறிந்துபோனதைப் பற்றி அவள் அப்பாவுக்கு நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருந்தாள். மனிதர் அதை மூன்று முறை படித்தார். என்ன பதில் எழுதுவதென்று இரண்டு நாள் யோசித்தும் ஒரு வார்த்தை வரவில்லை. அதனால் தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார். ஒன்பது இடத்தில் ஒற்றுப் பிழை திருத்தி, கடிதத்தை அவளுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து வந்ததெல்லாம் பிறந்தநாளுக்கு ஒரு வரி வாழ்த்து. அதிலும் ஒற்று வருகிற இடமே இல்லாதபடி பார்த்துப் பார்த்து எழுதியிருப்பாள், மகராசி.

ஆறு வாரம் முன்னால் அலமாரி உச்சியிலிருந்த அகராதியை எடுக்கப் போய், ஸ்டூல் சாய்ந்து, வலது மணிக்கட்டு முறிந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்தது மாடிவீட்டு டிரில் டீச்சர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றும் குரல் மட்டும் இன்னும் மைதானத்திலேயே இருக்கிற அம்மாள். அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனதும், அவர் ஃபோனில் மகள் நம்பரைத் தேடிப் பிடித்து அடித்ததும், ஆஸ்பத்திரிச் சீட்டில் அதே நம்பரை எழுதிக் கொடுத்து, ஆஸ்பத்திரி நம்பரை மகளுக்குச் சொன்னதும் அந்த அம்மாள்தான்.

அன்று மாலை ஏழு மணிக்கு மகள் கூப்பிட்டாள்.

"எலும்பு கூடிடுமாப்பா?"

நான்கு வருடத்துக்குப் பிறகு காதில் விழுந்த முதல் வாக்கியம். மறுநாளும் ஏழு மணி, அதே கேள்வி. கேள்விக்குப் பின்னால் மெதுவாக வேறு பேச்சும் வர ஆரம்பித்தது. என்ன சாப்பிட்டீங்க, ஒத்தைக் கையால எப்படிச் சட்டை போடுறீங்க, எங்க ஆஃபீஸ்ல ஒரு கூத்துப்பா. ஆறரை மணிக்கே தலை வாரி, சட்டை மாற்றி, ஃபோன் முன்னால் உட்கார்ந்துவிடுவார் ஒற்று சார். ஃபோனில் சட்டை தெரியாது என்பது அவருக்கும் தெரியும்.

எலும்பு கூடிவிட்டால் அந்தக் கேள்விக்கு வேலை இல்லை. கேள்வி இல்லையென்றால் ஏழு மணிக்கும் வேலை இல்லை. பழையபடி அவரும் நாற்காலியும்தான்.

"கட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, எனக்கு வேணும்," என்றார்.

"எதுக்கு சார், கண்ணாடிப் பெட்டியில வெக்கவா?"

"ஒரு தேவை இருக்கு."

குட்டி ரம்பம் கிர்ரென்று ஓடி, மாவுக்கட்டு நீளவாக்கில் இரண்டு பாதியாகக் கழன்றது. இரண்டையும் செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, வீட்டு வாசலுக்கு வந்ததும் மறுபடி கையில் பொருத்தி, ஷூ கயிற்றால் கட்டிக்கொண்டார். நெருக்கத்தில் பார்த்தால் கோடு தெரியும். அதனால் மேலே ஒரு துண்டு.

மாலை ஏழு மணி.

"கூடிடுச்சாப்பா?"

"இன்னும் கூடலைம்மா."

ஒரு புள்ளி விட்டுப்போனால் ராத்தூக்கம் போகிற மனிதர், முழுப் பொய்யை முழுதாகச் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இல்லை.

"அப்படியா? சரி. அப்ப நாளைக்கும் கூப்பிடுறேன்," என்றாள் மகள்.

டிரில் டீச்சரும் மகளும் அடிக்கடி பேசிக்கொள்கிறவர்கள். ஆகவே அந்த அம்மாளையும் ஏமாற்றியாக வேண்டும். காலையில் கட்டோடு படி இறங்குவார், தெருமுனை திரும்பியதும் கழற்றிப் பைக்குள் போடுவார், அலுவலகத்தில் வலது கையால் திருத்துவார், மாலையில் அதே முனையில் மறுபடி மாட்டிக்கொள்வார். ஐம்பத்தெட்டு வயதில் திருட்டுத்தனம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், பல வருடங்களில் அப்படிச் சுறுசுறுப்பாக அவர் வீடு திரும்பியதில்லை.

அலுவலகத்தில் அவர் மேஜைக்கு வந்து காத்திருந்தது எட்டாம் வகுப்பு அறிவியல், ஏழாம் பாடம், 'எலும்பு'. முதல் பக்கத்திலேயே ஒரு வாக்கியம்: 'முறிந்த எலும்புக்கூடும்.' க்-ஐ வெட்டினார், இடைவெளி விட்டார். 'முறிந்த எலும்பு கூடும்.' அன்று ஏழு மணிக்கு மகளிடம் ஃபோனில் அதைச் சொன்னார்.

"ஒரு க் உள்ள வந்ததுக்கு, பொழைக்க வேண்டியவன் எலும்புக்கூடாயிட்டான்மா!"

ஒற்றைப் பற்றி மகளிடம் பேசியிருக்கக் கூடாது என்று சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் அவள் சிரித்தாள். வாய்விட்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள். அவர் ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"வேற என்ன போட்டிருக்கு அந்தப் பாடத்துல?"

"முறிஞ்ச இடத்துல முதல்ல ரத்தம் உறையுமாம். அப்புறம் மெத்துனு ஒரு முடிச்சு. அப்புறம் அது கெட்டியாகி எலும்பாகுமாம். கொஞ்ச நாளைக்கு அந்த இடம் தடிச்சிருக்கும், போகப்போக உடம்பே செதுக்கி ஒழுங்காக்கிடுமாம்."

"யாருப்பா செதுக்குறது?"

"உள்ள செல்லுங்க ரெண்டு கூட்டம் இருக்கு. ஒண்ணு பழைய எலும்பை அரிச்சுத் தின்னுக்கிட்டே இருக்கும். இன்னொண்ணு பின்னாடியே வந்து புதுசு கட்டும். உடையாட்டியும் இந்த வேலை நடந்துக்கிட்டேதான் இருக்கும். பத்து வருஷத்துல ஏறக்குறைய எல்லா எலும்பும் புதுசாயிடுமாம்."

"அம்மா போய்ப் பதினோரு வருஷமாச்சுல்லப்பா? அப்ப அம்மா பிடிச்ச கை இல்லையா இது?"

"இல்லம்மா," என்றார். பிறகு, "ஆனா வலி மட்டும் பழசுதான்," என்றார். இரண்டு பேரும் ஃபோனை வைக்காமல் சும்மா இருந்தார்கள். அந்தச் சும்மாவுக்காகவே இன்னும் நூறு பொய் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றியது.

சொல்ல வேண்டியும் வந்தது. அடுத்த வாரம், "எட்டு வாரமாச்சேப்பா, எக்ஸ்ரேயை அனுப்புங்க பாக்கலாம்," என்றாள். அவர் விழுந்த அன்றைக்கு எடுத்த முதல் படத்தைப் பீரோவிலிருந்து எடுத்து, தேதியைக் கட்டை விரலால் மறைத்து, ஃபோட்டோ பிடித்து அனுப்பினார்.

மறுநாள் மாலை அவள் குரல் ரொம்பக் கவலையாக இருந்தது.

"ஆஃபீஸ்ல ஒருத்தியோட அண்ணன் எலும்பு டாக்டர்பா. காட்டினேன். எட்டு வாரத்துல ஒரு நூல் கூடக் கூடலைன்னா ஆபரேஷன்தானாம். இடுப்பு எலும்புல கொஞ்சம் வெட்டி எடுத்துக் கையில வெக்கணுமாம்."

"இடுப்பா? இடுப்பு என்ன பாவம் பண்ணுச்சு!"

"இல்லன்னா நல்லா சத்தாச் சாப்பிடணுமாம். நான் டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்."

அன்றிலிருந்து பிடித்தது சனி. காலையில் இரண்டு முட்டை, பதினொரு மணிக்கென்று புட்டியில் பால், மாலையில் ஒரு சொம்பு சூப். போதாததற்கு, வெயில் எலும்புக்கு நல்லது என்று அரை மணி நேரம் மொட்டை மாடியில் நிற்க வைப்பார் அந்த அம்மாள். "நிமிர்ந்து நில்லுங்க! குடிங்க! மூச்சு விடாம குடிங்க!" ஒன்பதாவது வாரம் ஒற்று சாரின் எலும்பு எப்படி இருந்ததோ, பேண்ட் இடுப்பில் ஏற மறுத்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஹாயாக இரண்டு கையாலும் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. தட்டுகிற வேகத்திலேயே ஆள் யாரென்று தெரியும். பாய்ந்து போய் மாவுக்கட்டை மாட்டி, பல்லால் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டு, கதவைத் திறந்தார்.

சூப்போடு உள்ளே வந்த டிரில் டீச்சர் அப்படியே நின்றுவிட்டார்.

"சார், கட்டு வலது கையில இல்ல இருந்துச்சு?"

குனிந்து பார்த்தார். இடது கையில் இருந்தது. வலது கைக்காரன் எதையும் வலது கையால்தான் எடுப்பான், எடுத்தால் இடது கையில்தான் மாட்டுவான். ஊரார் பிழையெல்லாம் பத்தடி தள்ளியே கண்ணில் படுகிற மனிதருக்குத் தன் கையிலிருந்த பிழை தெரியவில்லை.

"டாக்டர் மாத்திப் போடச் சொன்னாரு."

"எலும்பையுமா?"

"அது வந்து, இந்தக் கையிலயும் ஒரு கீறல் விட்டிருக்காம்."

"எப்ப?"

"நேத்து."

"எப்படி?"

"அந்தக் கையைத் தாங்கிப் பிடிச்சுப் பிடிச்சே."

அந்த அம்மாள் சூப்பை வைத்துவிட்டு, விறுவிறுவென்று மாடி ஏறினார். ஏழு மணிக்கு வர வேண்டிய ஃபோன் நாலு மணிக்கே வந்துவிட்டது.

"ரெண்டு கையுமாப்பா?"

"பெருசா ஒண்ணும் இல்லம்மா, சும்மா ஒரு..."

"நீங்க பேசாதீங்க. இன்னிக்கே ரயில் ஏறுறேன். காலைல பதினொரு மணிக்கு வீட்டுல இருப்பேன்."

ஃபோனை வைத்ததும் முதலில் வந்தது சந்தோஷம்தான். நான்கு வருடம் கழித்துப் பெண் வீட்டுக்கு வருகிறாள்! இரண்டாவது நாற்காலியிலிருந்த தாள்களை அள்ளிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, நாற்காலியைத் துடைத்தும் வைத்தார். துடைத்துக்கொண்டிருக்கும்போதே துணி பாதியில் நின்றது. வந்தால் கையைப் பார்ப்பாள். பார்த்தால் பொய் தெரியும். கடிதத்தில் பிழை திருத்தியதற்கே நான்கு வருடம் என்றால், மூன்று வாரப் பொய்க்கு எத்தனை வருடம்? அவருக்கு இன்னும் அவ்வளவு வருடம் மிச்சம் இருக்கிறதா?

காலை எட்டு மணிக்கு மாவுக்கட்டு அறை திறந்தபோது வாசலில் முதல் ஆளாக நின்றார்.

"கட்டுப் போடுங்க. ரெண்டு கைக்கும்."

கட்டுப் போடுகிறவர் அவருடைய இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தார், அமுக்கினார், மடக்கி நீட்டினார்.

"எங்க சார் வலிக்குது?"

"வலிக்கலை."

"விழுந்தீங்களா?"

"இல்ல."

"நல்லா இருக்கிற கைக்குக் கட்டுப் போட்டா என் வேலை போயிடும் சார்."

அதற்கு மேல் ஒற்று சாரால் தாங்க முடியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கடிதம், ஒன்பது பிழை, ஏழு மணி, ஷூ கயிறு, எக்ஸ்ரே, சூப். "பொண்ணு பதினொரு மணிக்கு வந்துடுவா. வந்து, கூடிடுச்சேன்னு பாத்துட்டாள்னா போயிடுவா. அப்புறம் கூப்பிட மாட்டா. எனக்கு அவ குரல் வேணுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், ஒரு கைக்காவது போடுங்க," என்று கெஞ்சினார்.

கட்டுப் போடுகிறவர் கையிலிருந்த பஞ்சுச் சுருளை மேஜைமேல் வைத்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து, எதிரே இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கட்டுப் பிரிச்ச அன்னைக்கே உங்க பொண்ணு எனக்கு ஃபோன் பண்ணிக் கேட்டுட்டாங்க சார், நானும் கூடிடுச்சுன்னு சொல்லிட்டேன், 'நான் கேட்டது அப்பாவுக்குத் தெரிய வேணாம், தினமும் அவரைக் கூப்பிட எனக்கு வேற சாக்கு இல்ல'ன்னு அழுதுட்டாங்க."