தாய்மாமன் எறிய வேண்டிய ஞாயிறு

பல்லக்கு காலை ஒன்பதரைக்கே மண்டபத்து வாசலில் வந்து இறங்கிவிட்டது. அதைத் தூக்க வேண்டிய நான்கு பேரும் பாரிஸிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். பிரேமன் நகருக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலை நெரிசலில், ஒரே இடத்தில் நின்றபடி வந்துகொண்டிருந்தார்கள்.

"எத்தினை மணிக்கு எண்டு கேட்டனியோ?" என்றாள் புஸ்பவதி.

"கேட்டனான் அக்கா. முன்னுக்கு ஒரு லொறி பிரண்டு கிடக்குதாம். ரண்டு மணிக்கு முதல் ஏலாதாம்."

சேயோன் சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்துப் பார்த்தான். முதல் நாள் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு எழுதியது. பத்து மணி: தண்ணீர் வார்த்தல். பத்தே முக்கால்: பல்லக்கு. பதினொன்றரை: ஆரத்தி, படம். பன்னிரண்டு: காரில் ஏறுதல். ஒரு மணி: ஆட்டம். தாளில் லொறிக்கு இடம் விட்டிருக்கவில்லை.

அது 2007ஆம் ஆண்டு ஆனி மாதத்து ஞாயிறு. ஜெர்மனியில், ஹம்பேர்க்கின் கிழக்கு ஓரத்தில் எடுத்த மண்டபம். அக்கா புஸ்பவதியின் மகள் வேணுஜாவுக்குச் சாமத்தியச் சடங்கு, பூப்பு நீராட்டு. சேயோன் அவளுக்கு ஒரே தாய்மாமன். தாய்மாமன் தண்ணீர் வார்த்து, பக்கத்தில் நடந்து வராமல் அந்தச் சடங்கு நடக்காது. அதே ஞாயிறு ஒரு மணிக்கு, நான்கு கிலோமீற்றர் தள்ளி, அவன் தன் பேஸ்போல் கழகத்துக்காகப் பந்தெறிய வேண்டும். அதைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து ஓர் ஆள் வருகிறார் என்று பயிற்சியாளருக்குக் கடிதம் வந்திருந்தது.

பதினான்கு வயதில், நாய்களைப் பழக்குகிற புல்வெளியொன்றில், நான்காம் பிரிவில் எறியத் தொடங்கியவன் சேயோன். ஏழு வருடத்தில் இரண்டாம் பிரிவுக்கு வந்திருந்தான். இரண்டாம் பிரிவு என்றால் பார்க்க நாற்பது பேர் வருவார்கள். அதில் பதினைந்து பேர் ஆடுபவர்களின் அம்மாக்கள். அமெரிக்கருக்குப் பிடித்தால் அங்கே ஒரு பெரிய கழகத்தின் கடைசித் தட்டு அணியில் இடம் கிடைக்கும். கடைசித் தட்டுத்தான். ஆனால் அங்கே எறிவதுதான் வேலை. இருபத்திரண்டு வயது தாண்டினால் எடுக்கமாட்டார்களாம். சேயோனுக்கு ஐப்பசியில் இருபத்திரண்டு முடிகிறது.

மூன்று வாரத்துக்கு முன் அம்மா மங்கையற்கரசியிடம் சொல்லிப் பார்த்தான்.

"சடங்கை வேற நாள் வைக்க ஏலாதோ, அம்மா?"

"மண்டபம் ஒரு வருசத்துக்கு முதல் எடுத்தது. உன்ர அமெரிக்காக்காரனை வேற நாள் வரச் சொல்லு."

அமெரிக்காக்காரர் வேறு நாள் வர முடியாது என்றுவிட்டார். அதனால்தான் அந்தத் தாள்.

தண்ணீர் வார்ப்பு சரியாகப் பத்து மணிக்குத் தொடங்கி நேரத்துக்கு முடிந்தது. அதன் பிறகு எதுவும் அசையவில்லை.

"பல்லக்கில்லாமல் நான் கமெராவைத் தூக்கமாட்டன்," என்றார் வீடியோ இராசலிங்கம். ஹம்பேர்க்கில் ஐயர் வந்து சேரும் முன்பே சடங்கு தொடங்கியதுண்டு. இராசலிங்கத்தின் கமெரா இல்லாமல் தொடங்கியதில்லை.

"பிள்ளை நடந்து வரட்டும், அண்ணை."

"தம்பி, போன மாசம் ஸ்ருட்காட்டிலை ஒரு பிள்ளையை ஹெலிகொப்டரிலை கொண்டுவந்து இறக்கினவை. நீர் நடத்திக் கொண்டு வரச் சொல்லுறீர்."

சேயோன் டோர்ஸ்டனுக்குப் போன் எடுத்தான். டோர்ஸ்டன் அவன் அணியில், அடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிப்பவன். பன்னிரண்டு மணிக்குக் காருடன் வருவதாக ஏற்பாடு.

"இப்பவே வா. பலமான ஆக்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வா," என்றான் ஜெர்மன் மொழியில்.

"சண்டையா?"

"இல்லை. மருமகளைத் தூக்க வேணும்."

அரை மணியில் நான்கு பேர் ஆட்ட உடையோடு வந்து நின்றார்கள். மங்கையற்கரசி அவர்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"உந்தக் கோலத்தோடை பல்லக்குத் தூக்க ஏலாது. வேட்டி கட்டச் சொல்லு."

வேட்டி இடுப்பில் நிற்காததால் அதற்கு மேல் தங்கள் தோல் பெல்ட்டைப் பூட்டிக்கொண்டார்கள். டோர்ஸ்டன் இரண்டு மீற்றருக்கு ஒரு விரல் குறைவு. அவன் முன்னால் பிடித்ததில் பல்லக்கு பின்னுக்குச் சரிந்தது. உள்ளே நகையும் பட்டுமாக இருந்த வேணுஜா பின்பக்கம் வழுக்கிப் போனாள். சபையில் குனிந்த தலை நிமிரக் கூடாது, வாய் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் அவள் தலையும் நிமிரவில்லை, வாயும் திறக்கவில்லை.

"படம் வடிவாய் வரேல்ல. இன்னொருக்கா," என்றார் இராசலிங்கம்.

சேயோன் டோர்ஸ்டனைப் பின்னுக்கு மாற்றினான். வேணுஜா முன்பக்கம் வழுக்கினாள்.

"இன்னொருக்கா."

மூன்றாம் முறை டோர்ஸ்டன் முழங்காலை மடித்துக் குந்தியபடியே நடந்தான். பந்து பிடிப்பவனுக்கு அது பழக்கம். பல்லக்கு சமமாக வந்தது. மணி பன்னிரண்டு பத்து.

"நீங்கள் நாலு பேரும் முதலில் போங்கள். ஆரத்தி முடிய நான் டாக்சியில் வாறேன்," என்று அவர்களை வாசலுக்கு அனுப்பினான் சேயோன். வாசலுக்குப் போகும் வழி சாப்பாட்டுக் கூடத்தினூடாகப் போனது.

"பல்லக்குத் தூக்கின பிள்ளையள் பசியோடை போறதோ?" என்று புஸ்பவதி அவர்களை இருத்திவிட்டாள்.

தட்டில் மிச்சம் விடுவது மரியாதை இல்லை என்று டோர்ஸ்டனுக்கு அவன் அம்மா சொல்லிக் கொடுத்திருந்தாள். விருந்தாளியின் தட்டு வெறுமையாக இருப்பது மரியாதை இல்லை என்று புஸ்பவதிக்கு அவள் அம்மா சொல்லிக் கொடுத்திருந்தாள். ஆரத்தி முடிந்து சேயோன் ஓடி வந்தபோது நால்வரும் நான்காம் தட்டில் இருந்தார்கள். டோர்ஸ்டனின் முகம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"மிச்சம் விடு. கையால் தட்டை மூடு," என்றான் சேயோன்.

"உன் அக்கா கவலைப்படுவா."

இழுத்துக்கொண்டு வெளியே வந்தால், டோர்ஸ்டனின் காருக்குப் பின்னால் ஒரு சிவப்பு வான் குறுக்கே நின்றது. சேயோன் உள்ளே ஓடி, மண்டபத்துப் பாட்டை நிற்பாட்டி ஒலிவாங்கியில் வானின் இலக்கத்தை வாசித்தான். இராசலிங்கம் கமெராவிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை உயர்த்தினார்.

"வானைப் பூட்டுற திறப்பு எங்கை, அண்ணை?"

"கமெராப் பெட்டிக்குள்ளை."

"பெட்டி?"

"வானுக்குள்ளை."

"வான் பூட்டிக் கிடக்கே."

இராசலிங்கம் அப்போதுதான் கண்ணை எடுத்தார். "அப்ப அதுதான் காலமை 'டக்' எண்டு கேட்டது," என்றார்.

டாக்சிக்கு எடுத்த போன் ஒலித்துக்கொண்டே இருந்தது. ஒன்று இருபதுக்குப் பயிற்சியாளரின் அழைப்பு அதற்குள் நுழைந்தது.

"ஆறு பேர் நிற்கிறோம். ஒன்பது பேர் இல்லை என்று நடுவர் ஆட்டத்தை முடித்துவிட்டார். ஒன்பதுக்குப் பூச்சியம். தோற்றுப்போனோம்."

"அமெரிக்கர்?"

"உன் மண்டபம் எங்கே என்று கேட்டார். சொன்னேன். போய்விட்டார். நல்ல முகத்தோடு போகவில்லை."

தொப்பி போட்ட வெள்ளைக்காரர் வந்ததும் வாசலில் நின்றவர்கள் அவரை வேணுஜாவின் வகுப்பு ஆசிரியர் என்று எடுத்துக்கொண்டார்கள். சந்தனம் பூசி முன் வரிசையில் இருத்தினார்கள். தட்டு வந்தது. இரண்டாம் முறை புஸ்பவதி கரண்டியோடு வந்தபோது அவர் தட்டைக் கையால் மூடினார். சேயோன் அதைப் பார்த்தான். இந்த மனிதர் எதையும் ஒரு முறை பார்த்தாலே பிடித்துக்கொள்வார் போலிருந்தது.

அவன் நேரே போய் அவர் முன்னால் நின்றான்.

"ஆட்டம் போய்விட்டது. ஆனால் நான் எறியாமல் நீங்கள் போகக் கூடாது," என்றான் ஆங்கிலத்தில்.

பின்னாலிருந்து மங்கையற்கரசி அவன் கையைப் பிடித்தாள். "தம்பி, மாமனும் மருமகளும் நிக்கிற படம் இன்னும் எடுக்கேல்ல. முந்நூறு பேர் பாத்துக்கொண்டு இருக்கினம்."

"அம்மா, ஏழு வருசம். எனக்குப் பத்து நிமிசம் தாங்கோ."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை விட்டாள்.

"பத்து நிமிசந்தான். வேட்டியை மடிச்சுக் கட்டு."

கார் நிறுத்துமிடத்தில் சேயோன் அடியளந்து பதினெட்டரை மீற்றரைக் குறித்தான். மறுமுனையில் டோர்ஸ்டன் முனகிக்கொண்டே குந்தினான். முந்நூறு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். இரண்டாம் பிரிவில் அவன் இத்தனை பேரைப் பார்த்ததில்லை. அமெரிக்கர் வேகம் பார்க்கும் கருவியைத் தூக்கினார்.

முதல் பந்தில் முழங்காலை உயர்த்தியபோது வேட்டி தடுக்கியது. பந்து கூரைக்கு மேலால் போனது. இரண்டாம் பந்து சிவப்பு வானின் கண்ணாடியை உடைத்து உள்ளே போய், திறப்பு இருந்த கமெராப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டது. அமெரிக்கர் கருவியைத் தாழ்த்தினார்.

கமெராவுக்குப் பின்னாலிருந்து இராசலிங்கத்தின் குரல் வந்தது.

"வடிவாய் வரேல்ல. இன்னொருக்கா எறியும்."

அமெரிக்கருக்கு மொழி விளங்கவில்லை. ஆனால் அந்தக் குரலுக்குக் கீழ்ப்படியாமல் இருக்க யாராலும் முடிந்ததில்லை. கருவி மீண்டும் உயர்ந்தது.

சேயோன் வேட்டியின் இரு முனையையும் இடுப்பில் இறுக்கிச் செருகினான். மூன்றாம் பந்து டோர்ஸ்டனின் கையுறைக்குள் விழுந்த சத்தத்தில் ஒரு கைக்குழந்தை அழத் தொடங்கியது. அமெரிக்கர் எண்ணைப் பார்த்தார். கருவியைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு இருபத்திரண்டு பந்து எறிய வைத்தார்.

"செப்டெம்பரில் புளோரிடா. மூன்று வாரம் பார்ப்போம். அதற்குப் பிறகு நீ எறிவதைப் பொறுத்தது," என்றார்.

சேயோன் தலையை ஆட்டினான். தோள் எரிந்தது. மங்கையற்கரசி பக்கத்தில் நின்ற மனிசியிடம், "அது என்ர மகன்," என்று தேவையில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அமெரிக்கர் போகவில்லை. பையிலிருந்து ஒரு கட்டுக் கடிதங்களை எடுத்தார். பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் மூலையில் இலக்கம் போட்டிருந்தது.

"உன் மனேஜரை நான் பார்க்க வேண்டும். இவ்வளவு ஒழுங்காக எவரும் எனக்கு எழுதியதில்லை."

"எனக்கு மனேஜர் இல்லையே."

அவர் கடைசிக் கடிதத்தின் அடியைக் காட்டினார். பள்ளிக்கூடத்து உருட்டெழுத்தில், வேணுஜா ரவிச்சந்திரன் என்றிருந்தது.

சேயோன் கடிதத்தோடு மேடைக்கு ஏறினான். காலையிலிருந்து குனிந்த தலையோடு வேணுஜா அங்கே இருந்தாள்.

"நீயோ எழுதினனி? வருசத்திலை அம்பத்திரண்டு ஞாயிறு இருக்கு. இந்த ஒரு நாள்தானோ உனக்குக் கிடைச்சது?"

வேணுஜா தலையை நிமிர்த்தாமல், உதட்டை மட்டும் அசைத்தாள்.

"நீங்கள் கட்டாயம் ஹம்பேர்க்கிலை நிக்கிற ஒரு ஞாயிறாய்ப் பாத்துச் சொல்லு எண்டு அவர் கேட்டவர், மாமா, மற்ற ஞாயிறெல்லாம் நீங்கள் எந்த ஊரிலை மாட்சோ தெரியாது, இண்டைக்கு மட்டுந்தான் உங்களாலை எங்கையும் போக ஏலாது எண்டு எனக்கு நிச்சயமாய்த் தெரியும்."