விடுவிக்கப்படாத காவலர்

ஒரு கோட்டை என்றால் மதில் வேண்டும், அகழி வேண்டும், மதில்மேல் துருப்பிடித்த பீரங்கி ஒன்றாவது வேண்டும். இது பழைய இலக்கணம். புதிய இலக்கணப்படி இவை மூன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பேய் வேண்டும்.

இந்த இலக்கணத்தைத் தொடங்கிவைத்தது பக்கத்து ஊர்ப் பழைய சிறைச்சாலை. அங்கே யாரோ ஒருவர் ஒரு பெருமூச்சைக் கேட்டதாகச் சொல்ல, அந்தப் பெருமூச்சைப் பார்ப்பதற்காக மக்கள் பேருந்து பிடித்துப் போனார்கள். நுழைவுச்சீட்டு வரிசை தெருமுனையைத் தாண்டியது. தலைமை அலுவலகம் சும்மா இருக்குமா? சுற்றறிக்கை வந்தது: "வரலாற்றுச் சிறப்புடைய கட்டடங்கள் அனைத்தும் தத்தம் பேய்களை உடனடியாகக் கண்டறிந்து அறிக்கை அனுப்ப வேண்டியது. பேய் இல்லாத கட்டடங்கள் மூடப்பட்டு, அவற்றின் பணியாளர்கள் தேவைக்கேற்ப இடமாற்றம் செய்யப்படுவர்."

கோட்டைக் கண்காணிப்பாளர் அதை இரண்டு முறை படித்தார். அவருடைய கோட்டைக்கு வருகிறவர்கள் காதலர்களும் ஆடுகளும்தான். இரு தரப்பாரிடமும் சீட்டு வாங்குவது சிரமம். தேவைக்கேற்ப இடமாற்றம் என்றால் எங்கே என்பதும் அவருக்குத் தெரியும். நடுக்கடல் தீவில் ஒரு கலங்கரை விளக்கம் நெடுநாளாக ஆள் தேடிக்கொண்டிருந்தது.

"தீவா?" என்றாள் மனைவி. "கல்யாணம் ஆன நாள்லேருந்து மனு மேல மனுவாப் போட்டு, இப்பத்தான் இந்தக் குவார்ட்டர்ஸ் சமையலறையில குழாய் வந்திருக்கு. குழாயைத் திறந்தா தண்ணி கொட்டுதுங்க. அதை விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன்."

"அப்ப பேய்க்கு எங்க போறது?"

"ஏன், என் தம்பி இல்ல?"

தம்பி என்கிற மைத்துனன், இரண்டு நாள் தங்கிப் போகிறேன் என்று வந்தவன். எந்த இரண்டு நாள் என்பதை இன்னும் சொல்லவில்லை. ஆள் ஒல்லி. கோட்டையின் வெடிமருந்துக் கிடங்குக்கு இரும்புக் கதவு. அதன் சாவி இராணுவத்திடம் இருக்கிறது. ஆனால் பின்சுவரில் ஒரு காற்றுத் துளை இருந்தது. அதன் வழியாக மைத்துனன் ஒருவனால்தான் நுழைய முடியும்.

"நீ ஒண்ணும் பெரிசா பண்ண வேண்டாம். சங்கிலியை லேசா ஆட்டு. மத்தியானத்துக்குள்ள வெளியே எடுத்துடறேன்" என்றார் கண்காணிப்பாளர்.

"சாப்பாடு?"

"பேய் சாப்பிடுமாடா?"

"நான் சாப்பிடுவேன் மாமா."

விசாரணைக் குழுவில் இருவர். தலைமை அலுவலகத்துத் துணை இயக்குநர் ஒருவர். பேயாய்வாளர் இன்னொருவர். பின்னவர் கறுப்புச் சட்டையில் பதினோரு பைகள் வைத்திருந்தார். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கருவி எட்டிப் பார்த்தது. பேய்களைப் பின்தொடர்வது அவர் தொழில். அவரைக் கைப்பேசியில் பின்தொடர்வது பல இலட்சம் பேருக்குத் தொழில்.

"பேய் விசாரணைன்னா நள்ளிரவுலதான் நடத்தணும்" என்றார் அவர்.

"அலுவல் நேரத்துக்கு அப்புறம் வேலை பார்க்க அனுமதி இல்லை. பத்திலேருந்து அஞ்சுக்குள்ள வரட்டும். நாங்கல்லாம் வரலையா?" என்றார் துணை இயக்குநர்.

கோட்டை முழுவதும் சுற்றினார்கள். பீரங்கி மேட்டில் கருவி வாய் திறக்கவில்லை. வீரர் தங்குமிடத்தில் ஒரு முறை கீச்சிட்டது. மின்கலம் தீர்ந்திருந்தது. இரும்புக் கதவை நெருங்கியபோதுதான், உள்ளிருந்து, ஏதோ ஒரு பெரும்படை மணலில் பாறையை இழுத்துச் செல்வதுபோல் ஓர் ஓசை எழுந்து வளைகூரையில் மோதிப் பெருகியது.

கண்காணிப்பாளருக்கு மட்டும் அது என்ன ஓசை என்று தெரிந்தது. சங்கிலியை ஆட்டச் சொன்னால் பாவி குறட்டை விடுகிறான்.

"அடேயப்பா!" என்றார் பேயாய்வாளர். "இது சாதாரண ஆவி இல்ல சார். போர்க்களத்து மூச்சு."

"கதவைத் திறக்கலாமா?" என்றார் துணை இயக்குநர்.

"திறந்தா ஆற்றல் கலைஞ்சிடும்."

"நல்லதாப் போச்சு. திறக்கறதுக்கு இராணுவத்துக்கு எழுதணும். எழுதினா என் வாழ்நாள்ல பதில் வராது."

இவ்வாறாக அறிவியலும் நிர்வாகமும் ஒருமனதாகக் கதவைத் திறக்காமல் விட்டன. குழு சாப்பிடப் போயிற்று. நிதானமாகச் சாப்பிட்டது. வெற்றிலை இல்லாத குறையைத் தூக்கத்தால் நிரப்பிக்கொண்டு திரும்பி வந்தது. துணை இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு முறைப்படி கேட்டார்: "உள்ளே இருப்பது யார்? பெயர், பதவி, பணியில் சேர்ந்த நாள் ஆகியவற்றைத் தெரிவிக்கவும்."

உள்ளே இருந்தவன் அப்போது விழித்திருந்தான். பசித்தும் இருந்தான்.

"இன்னும் எவ்வளவு நேரம் நான் இங்கயே நிக்கறது?" என்று குரல் அலறியது. "மத்தியானமே வந்து விடுவிக்கிறேன்னு சொன்னீங்களே! ஒருத்தரும் வரல! சோறும் வரல!"

கண்காணிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார். கலங்கரை விளக்கம் அவர் இமைகளுக்குள் சுழன்று சுழன்று எரிந்தது.

ஆனால் துணை இயக்குநரின் முகம் பணிவிதிப் புத்தகத்தைப் போல விரிந்தது. "புரியுதா? இவர் காவலுக்கு நிறுத்தப்பட்ட சிப்பாய். மாற்று ஆள் வரல. விடுவிப்பு ஆணையும் வரல. அதனால நின்னுக்கிட்டே இருக்கார். இவ்வளவு நூற்றாண்டா! இப்பேர்ப்பட்ட ஊழியரை நான் கண்டதே இல்ல."

"கண்ணு கலங்குது சார்" என்றார் பேயாய்வாளர், கேமராவைத் தன் கண் பக்கம் திருப்பியபடி.

குழு போனதும் மைத்துனனைத் துளை வழியாக வெளியே இழுத்துச் சோறு போட்டார்கள். பேய் உண்டு என்று அறிக்கை போயிற்று. உண்மை, சரிபார்க்கப்பட்டது என்று அடியில் கண்காணிப்பாளர் கையொப்பமிட்டார். கோட்டை முதல் தரத்துக்கு உயர்ந்தது. வீட்டில் அன்று குழாயை வேண்டுமென்றே கொஞ்ச நேரம் திறந்துவைத்து இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்புவது பழமொழியில். இங்கே பூதத்தை வெட்டியெடுத்த பிறகு கிணறு கிளம்பியது. அடுத்த ஆணையோடு துணை இயக்குநர் நேரிலேயே வந்தார்.

"முதல் தரக் கோட்டைக்கு ஒரு தலைமை அதிகாரி வேணும். கோட்டையில இருக்கறவங்கள்ல பணிமூப்பு யாருக்கோ அவருக்குத்தான்."

கண்காணிப்பாளர் அடக்கமாகத் தலை குனிந்தார். "எல்லாம் உங்க ஆசீர்வாதம் சார்."

"உங்களுக்கு முப்பது வருஷம். அவருக்கு?"

"எவருக்கு?"

துணை இயக்குநர் கிடங்கு இருந்த திசையில் கண்ணைக் காட்டினார்.

"சார், அது பேய்!"

"பேய்ங்கறதுக்காகப் பதவி உயர்வை மறுக்க விதியில இடம் இருக்கா? அவர் ஓய்வு பெறல. ராஜினாமா பண்ணல. ஒரு நாள் லீவு எடுக்கல."

"சார்... அப்படி ஒண்ணு உண்மையிலேயே இருக்கான்னு..."

"இல்லைங்கறீங்களா? அப்ப உண்மைன்னு கையெழுத்துப் போட்டது யாரு? பொய்ச் சான்றுக்கு என்ன தண்டனைன்னு தெரியுமில்ல?"

இருக்கிறது என்று கண்காணிப்பாளர் ஒப்புக்கொண்டார். குவார்ட்டர்ஸ் தலைமை அதிகாரிக்கு உரியது என்பதையும் அதே மூச்சில் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

சீட்டு கொடுக்கும் அறைக்குப் பக்கத்து அறையில் குடும்பம் முடங்கியது. காலையில் பேயின் வீட்டைத் திறந்து, பெருக்கி, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பூட்டுவது கண்காணிப்பாளரின் கூடுதல் பொறுப்பு. மனைவி தெருக் குழாயில் வரிசையில் நின்றாள்.

"பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறணும்னு சொல்வாங்க" என்றாள் குடத்தை இறக்கியபடி. "நான் மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டு ஏறிக்கிட்டு இருக்கேன். சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்ட ஆளை இப்பத்தான் பார்க்கறேன்."

"யோசனை உன்னோடது" என்றார் அவர்.

"கையெழுத்து?"

அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பேயின் வீட்டைப் பெருக்கப் போனார்.

புதிய அதிகாரியின் மேசையை இரும்புக் கதவின் முன் போட்டார்கள். ஊர்மக்கள் மனுக்களை அதில் வைத்தார்கள். துறையில் ஒரு பழைய விதி உண்டு: ஏழு நாளுக்குள் அதிகாரி மறுக்காத மனு ஏற்கப்பட்டதாகக் கருதப்படும். இந்த விதியை அதுவரை யாரும் கண்ணால் கண்டதில்லை. ஏனென்றால் கண்காணிப்பாளர் ஆறாம் நாளே மறுத்துவிடுவார். பேயோ எதையும் மறுக்கவில்லை. அகழியோரத் தெருவுக்கு விளக்கு வந்தது. பேருந்து நிறுத்தத்துக்குக் கூரை வந்தது. கோட்டை மைதானத்தில் பிள்ளைகள் பந்து விளையாடலாம் என்று ஆயிற்று.

"ஐயா மாதிரி ஒரு ஆபீசர் இந்த ஊருக்கு வந்ததே இல்ல" என்றார் வாசலில் மனு எழுதிக்கொடுக்கும் கிழவர். "முன்னாடி ஒருத்தர் இருந்தாரே!" என்று சொல்லிவிட்டு, கண்காணிப்பாளர் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

தலைமை அலுவலகம் கலவரமடைந்தது. மறுப்பே இல்லாத அலுவலகத்தில் அதிகாரி இருக்கிறார் என்று எப்படி நம்புவது? துணை இயக்குநர் தொலைபேசியில் பேசினார்: "வர்ற திங்கக்கிழமை அவரோட தகுதிகாண் பருவம் முடியுது. வேலை பார்த்ததுக்கு ஒரே ஒரு அடையாளம் இல்லைன்னா பதவி காலின்னு எழுதிடுவேன். அடுத்த பணிமூப்பு நீங்கதான். அதுவரைக்கும் நீங்க ஒண்ணும் செய்யாம இருந்தாப் போதும்."

ஒன்றும் செய்யாமலிருப்பதில் கண்காணிப்பாளருக்கு முப்பது வருட அனுபவம். மனைவியிடம் சொன்னார். அவள் நம்பவில்லை. அவரிடம் சொல்லாமல் தானும் ஒரு மனு எழுதி மேசையில் வைத்துவிட்டு வந்தாள். குவார்ட்டர்ஸைத் தங்களுக்கே திருப்பித் தர வேண்டும் என்று. மறுப்பு வராவிட்டால் திங்களோடு ஏழு நாள். பதவி வந்தாலும் வராவிட்டாலும் வீடு உறுதி.

திங்கள் காலை கண்காணிப்பாளர் மேசையை ஒழுங்குபடுத்தினார். துணை இயக்குநர் வருவதற்குள் தாள்களைச் சீராக அடுக்க வேண்டும். அடுக்கும்போது ஒரு தாள் கண்ணில் பட்டது. இடப்பக்கம் ஓரம் விடாமல், விளிம்பிலிருந்தே எழுதியிருந்தார்கள். தேதியும் இல்லை. பொருள் என்று தலைப்பும் இல்லை. அவர் மூளை குழாயைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தது. கை அதன் போக்கில் பேனாவைத் திறந்தது. "உரிய முறையில் இல்லை. மறுக்கப்படுகிறது" என்று சாய்வாக எழுதி, அடியில் அழுத்தமாக ஒரு கோடும் போட்டது. அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த பெயரை அதற்குப் பிறகுதான் படித்தார்.

தாளைக் கசக்கப்போன கையைத் துணை இயக்குநரின் கை பிடித்துக்கொண்டது.

"காட்டுங்க!" அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மறுக்கப்படுகிறது... ஆகா! என்ன சாய்வு, என்ன அலட்சியம்! காரணத்துல ஒரு தெளிவும் இல்ல பாருங்க. இது பிறவி அதிகாரி எழுத்துய்யா!"

"சார், அது நான் எழுதினது."

"நீங்களா? மேலதிகாரி கோப்புல, மேலதிகாரி அதிகாரத்தை எடுத்து, நீங்க எழுதினீங்க? இதை எழுத்துமூலமாத் தர முடியுமா?"

கண்காணிப்பாளர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "இல்ல சார். ஐயாதான் எழுதினார்" என்றார்.

அன்றே பேய் பணியில் நிரந்தரம் ஆக்கப்பட்டது.

செய்தி வாசலுக்குப் போனது. ஐயா ஒரு மனுவை மறுத்துவிட்டாராம். மக்கள் வருத்தப்படுவார்கள் என்றுதான் கண்காணிப்பாளர் எதிர்பார்த்தார். கூட்டத்தில் ஒரு நிம்மதிதான் பரவியது. மனு எழுதும் கிழவர் துண்டைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டார். "நானும் பயந்துக்கிட்டே இருந்தேன். கேட்டதெல்லாம் குடுக்கிறவர் என்னய்யா ஆபீசர்? இப்பத்தான் மரியாதை வருது." அதுவரை செருப்போடு போய் மனு வைத்தவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். எப்போது பார்க்கலாம், யார் மூலம் பார்க்கலாம் என்று தங்களுக்குள் விசாரித்துக்கொண்டார்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மாலைக்குள் எல்லார் கையிலும் ஓர் உறை இருந்தது.

வரிசையில் முதலாவதாக நின்றவள் அவர் மனைவி. அவரை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குனிந்து, இரும்புக் கதவின் அடியிடுக்கில் உறையைச் செருகினாள்.

உறை ஒரு கணம் அப்படியே இருந்தது. பிறகு மெதுவாக, அவசரமில்லாமல், நல்ல பழக்கமுள்ள ஒரு கை இழுப்பதுபோல் உள்ளே போயிற்று.

கூட்டம் மூச்சு விட்டது. எந்தக் கருவியும் தராத சாட்சி இது. அதற்குமேல் ஐயா இருக்கிறாரா என்று அந்த ஊரில் யாரும் கேட்கவில்லை.

கண்காணிப்பாளருக்கு மட்டும் எரிச்சல் பொங்கியது. மறுபடியும் துளை வழியாக உள்ளே போய் அக்காள் பணத்தையே அமுக்குகிறானே, படுபாவி!

"மாமா" என்று காதருகே மைத்துனனின் குரல் கேட்டது. அவன் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நான் இங்க இருக்கேன். அப்ப உள்ள இழுத்தது யாரு?"

கண்காணிப்பாளர் கதவைப் பார்த்தார். மைத்துனனைப் பார்த்தார். அடுத்த உறையும் உள்ளே போவதைப் பார்த்தார். பிறகு சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.