வேல்சாமி சாரின் தீக்குச்சி கிளப்

"இது பள்ளிக்கூடமா, இல்ல தீப்பெட்டி ஆபீஸா? எனக்கு இப்பவே பதில் சொல்லுங்க சார்!"

சைத்தூன் பீவி போட்ட சத்தத்தில், பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டை அந்தரத்தில் விட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடி வந்துவிட்டார்கள்.

அந்த அம்மா கையில் மகள் ருமானாவின் சீருடைத் துப்பட்டா. நட்டநடுவில் ஓர் ஓட்டை. முன்னால் கூராய், பின்னால் அகலமாய், உள்ளங்கையை விட்டு எடுக்கலாம்.

"நான் என்ன சொல்ல வாரேன்னா..." என்று ஆரம்பித்தார் அறிவியல் ஆசிரியர் வேல்சாமி.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். தீ மேல பிடிச்சிருந்தா எம்புள்ள கதி என்ன? நாளைக்கு எவன் கட்டுவான்? நீங்க வந்து மாப்பிள்ள பாப்பீங்களா?"

ருமானா தலையைக் குனிந்துகொண்டு கால் கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தாள். வாத்தியாரைத் திட்டுவது பொறுக்கவில்லை போலிருக்கிறது, தங்கமான பிள்ளை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

தலைமையாசிரியை செண்பகவல்லி துப்பட்டாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஒரு குச்சிக்கா இந்த வீச்சு!" என்றார். அவருடைய அப்பா தீப்பெட்டித் தொழிற்சாலையில் கணக்குப்பிள்ளை. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்ததாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

விஷயம் இதுதான். வேல்சாமி சார் ஒரு வினாடி வினா கிளப் வைத்திருந்தார். பஸ்ஸர் வாங்கித் தர யாருக்கும் மனசில்லை. ஆனால் கோவில்பட்டியில் தீப்பெட்டிக்குப் பஞ்சமா? ஆளுக்கு ஒரு பெட்டி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். கேள்வி முடிந்ததும் யார் குச்சி முதலில் பற்றுகிறதோ அவருக்குத்தான் வாய்ப்பு. தீ விரலுக்கு வருவதற்குள் பதிலைச் சொல்லி முடித்துவிட வேண்டும். விரல் சுட்டால் வேகம் தானாக வரும் அல்லவா? ருமானா, ஹரி, செல்வமாரி மூன்று பேரும் அப்படிச் சுட்டுச் சுட்டுத் தேறியவர்கள்.

வேல்சாமிக்கு அந்தக் கிளப்தான் உயிர். "நீங்க என்னயக் கட்டுனீங்களா, கிளப்பக் கட்டுனீங்களா?" என்று அவர் மனைவி சத்யபிரியா கேட்டது தெருவுக்கே தெரியும்.

"இனிமே குச்சி கிடையாது" என்றார் செண்பகவல்லி. "இன்னொண்ணும் சொல்லுதேன். வருசா வருசம் மாவட்டப் போட்டின்னு தூத்துக்குடிக்குப் போயி கைய வீசிட்டு வாரீங்க. இந்தத் தடவையும் கப்பு வரலன்னா கிளப்ப இழுத்து மூடிருங்க. அந்த ரூம்ல ஒடஞ்ச பெஞ்சுகளப் போடணும்."

மறுநாள் வேல்சாமி உடற்கல்வி ஆசிரியரிடம் மூன்று விசில் வாங்கி வந்தார்.

விசில் நல்ல யோசனைதான். பள்ளிக்கூடம் மினி பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால் ரொம்ப நல்ல யோசனை. சாயங்காலம் ஹரி ஒரு கேள்விக்கு ஊதினான் பாருங்கள், கண்டக்டர்தான் ஊதுகிறார் என்று டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். செண்பகவல்லி டீச்சர் அப்போதுதான் பையை ஜன்னல் வழியாக சீட்டில் போட்டு இடம் பிடித்துவிட்டு, படியில் கால் வைக்கப் போயிருந்தார். பை மட்டும் பசுவந்தனைக்குப் போய்ச் சேர்ந்தது.

"அந்த விசிலக் கொண்டாங்க இங்கன!" என்றார் மறுநாள். மூன்றையும் வாங்கித் தன் மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

கடைசியில் வேல்சாமி தன் வீட்டு வாசல் மணியைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"வாரவுக எல்லாம் கதவ ஒடைக்காங்க. பால்காரர் கல்ல வச்சுத் தட்டுதாரு" என்றாள் சத்யபிரியா.

"போட்டி முடியட்டும்ட்டி, மாட்டிருதேன்."

அந்த மணியில் ஒரு சங்கடம். அமுக்கினால் முதலில் டிங் டாங். அப்புறம் ஒரு குருவி கத்தும். அப்புறம் ஒரு பெண், "ப்ளீஸ் ஓப்பன் தி டோர்" என்பாள், இரண்டு தரம். அந்தச் சத்தத்தில் பதில் எங்கே காதில் விழுகிறது? "அவ சொல்லி முடிக்கட்டும், அதுக்கப்புறம் வாயத் தொறந்தாப் போதும்" என்று வேல்சாமி விதி போட்டார். பிள்ளைகள் பொன்னே போல் பழகிக்கொண்டார்கள்.

தான் செய்த காரியம் அவருக்கு உறைத்தது, போட்டியன்று வேனில் ஏறிய பிறகுதான். சும்மா ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தார். ருமானா மணியை அமுக்குவதுபோல் தன் தொடையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வாயை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, பதிலச் சொல்லு!"

"இன்னும் அந்த அக்கா பேசி முடிக்கல சார்."

வேல்சாமிக்கு வியர்த்துவிட்டது. "அண்ணாச்சி" என்று டிரைவர் முத்துசெல்வத்தைக் கெஞ்சினார், "நான் கேள்வி கேட்டதும் ஹாரன அமுக்குங்க. ஏலே, ஹாரன் கேட்ட உடனே பதில் சொல்லணும், பாத்துக்கோங்க!"

முத்துசெல்வம் அமுக்கினார். பிள்ளைகள் பட்டென்று சொன்னார்கள். மறுபடி அமுக்கினார், மறுபடி பட்டென்று வந்தது. வேல்சாமி முகத்தில் பல நாளைக்குப் பிறகு உயிர் வந்தது. பசுவந்தனை தாண்டும்வரை ஹாரன் ஓயவில்லை. தாண்டிய பிறகும் ஓயவில்லை. சுவிட்ச் சிக்கிக்கொண்டது.

வயரைப் பிடுங்குவதற்காக முத்துசெல்வம் வண்டியை ரோட்டை விட்டு இறக்கினார். வருசத்தில் பாதி நாள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற அந்தக் கரிசலில், முந்தின நாள்தான் மழை கொட்டியிருந்தது. சக்கரம் பிசினில் கால் வைத்த ஈ மாதிரி மாட்டிக்கொண்டது.

எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். ஒவ்வொரு செருப்பிலும் யானைக்கால் அளவுக்கு மண். போட்டி மண்டபத்தில் இவர்கள் நுழைந்தபோது பஸ்ஸரை ஒரு தரம் தொட்டுப் பார்க்கக்கூட நேரமில்லை.

முதல் கேள்வி. ருமானாதான் முதலில் அமுக்கினாள். அந்த பஸ்ஸர் என்ன சத்தம் போட்டது தெரியுமா? டிங் டாங்.

மூன்று பேரும் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்கள். குருவிக்காகக் காத்திருந்தார்கள். பெண்ணுக்காகக் காத்திருந்தார்கள்.

"நேரம் முடிந்தது" என்றார் கேள்வி கேட்டவர். வாய்ப்பு ஓட்டப்பிடாரத்துப் பிள்ளைகளுக்குப் போனது.

அநேகமாக எல்லாக் கேள்விக்கும் இதே கதைதான். கோவில்பட்டி அமுக்கியது, ஓட்டப்பிடாரம் பதில் சொன்னது. மற்றவர்கள் தவறவிட்டு, மணியடிக்காமல் கைக்கு வந்த சில கேள்விகளில்தான் கோவில்பட்டிக்கு மதிப்பெண். பின்வரிசையில் வேல்சாமி வாயைத் திறந்து திறந்து மூடிக் காட்டினார். ஆசிரியர்கள் குரல் கொடுத்தால் அணியையே நீக்கிவிடுவார்கள். சாருக்குத் தண்ணீர் தவிக்கிறது போல என்று செல்வமாரி நினைத்தாள்.

கடைசிக் கேள்விக்குப் பல மடங்கு மதிப்பெண். சரியாகச் சொன்னால் கப்பு இன்னும் கைக்கு எட்டும்.

"தீப்பெட்டியின் பக்கவாட்டில், உரசும் இடத்தில் தடவப்படும் வேதிப்பொருள் எது?"

வேல்சாமிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கோவில்பட்டிப் பிள்ளையிடமா இதைக் கேட்பது! தூக்கிப்போட மனசில்லாமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்த பழைய தீப்பெட்டியைக் கை தானாக எடுத்தது. ஒரு குச்சியை உரசி உயரத் தூக்கிப் பிடித்தார்.

தீயைக் கண்டதும் ருமானா எழுந்து நின்று கத்தினாள்: "சிவப்பு பாஸ்பரஸ்!"

பதில் சரி. பஸ்ஸரை அமுக்கத்தான் மறந்துவிட்டாள். உள்ள மதிப்பெண்ணிலும் கழித்துக்கொண்டார்கள். மண்டபத்துக்குள் தீ வைக்கப் பார்த்த ஆசாமி என்று வேல்சாமியை இரண்டு பேர் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள். திரும்புகிற வழியில் யாரும் பேசவில்லை. ஹாரனும்தான்.

அந்த வாரமே கிளப் அறைக்குள் உடைந்த பெஞ்சுகள் போயின. தன் ஆசிரியர் பெஞ்சுகளுக்கு இடம் ஒதுக்கித் தந்த அழகை ஹரி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அழுதானாம். வேல்சாமி மாறுதல் கேட்டு விளாத்திகுளம் பக்கம் போய்விட்டார். அங்கே கிளப் என்று யாராவது வாயெடுத்தால் எழுந்து போய்விடுவார். "ஒரு குச்சியால போச்சு. என் புத்திய என்ன சொல்ல?" என்பார் சத்யபிரியாவிடம். குடிபோன வீட்டு வாசலில் அவர் மறுபடி மணி மாட்டவே இல்லை.

காலம் ஓடியது. ஹரி கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனான். செல்வமாரி கடம்பூரில் வாக்கப்பட்டுப் போனாள். ருமானாவுக்கு மேலப்பாளையத்து மாப்பிள்ளை அமைந்தது, பெயர் சபியுல்லா. கல்யாணம் முடிந்ததும் துபாய்க்குப் பயணம். பழசையெல்லாம் மறந்து சைத்தூன் பீவியே போன் பண்ணிக் கூப்பிட்டதால் வேல்சாமியும் கல்யாணத்துக்கு வந்திருந்தார்.

மேடையேறி மாப்பிள்ளை கையைப் பிடித்து வாழ்த்தினார். கையோடு கொண்டுவந்த பரிசை நீட்டினார். அட்டைப் பெட்டியின் மேலிருந்த படத்தைப் பார்த்ததும் ருமானா தலையைக் குனிந்துகொண்டாள். சைத்தூன் பீவி மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

"இஸ்திரிப் பெட்டியா கொண்டாந்தீங்க சார்! மாப்ள, இத இவ கையில மட்டும் குடுத்துராதீங்க. பத்தாப்பு படிக்கையில ஸ்கூல் துப்பட்டாவ இஸ்திரி போடுதேன்னு பொசுக்கி ஓட்ட போட்டுட்டு, தீக்குச்சி பட்டுருச்சுன்னு எங்கிட்டயே வருசக்கணக்கா சாதிச்சவ இவ!"