தொடர்கதைக்கு நடுவே கோந்து சார்

பாகூர் கொம்யூன் பஞ்சாயத்திலேயே அதிகமாகத் திட்டு வாங்கிய அரசு ஊழியர் யார் என்று ஒரு போட்டி வைத்திருந்தால், எங்கள் ஊர் நூலகர்தான் முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போயிருப்பார். ரேஷன் கடைக்காரருக்கு இரண்டாமிடம் கிடைத்திருக்கும், அதுவும் எட்டாத தூரத்தில். ரேஷன் கடைக்காரர் சர்க்கரையில்தான் கை வைத்தார். இவர் தொடர்கதையில் கை வைத்தார்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஊருக்கு அவர் கோந்து சார். வில்லியனூர்ப் பக்கத்துக்காரர். தனி ஆள். நூலகத்துக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையில் தானே பொங்கித் தின்றுகொண்டு காலம் தள்ளினார். ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த எனக்கு அந்த நூலகம்தான் போக்கிடம். எண்பதுகளின் தொடக்கம் அது. ஊரில் டிவி கிடையாது. வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதைதான் பெண்களுக்குச் சோறு, தண்ணீர், மூச்சு எல்லாம்.

சாருக்குக் கோந்துப் பித்து பிடித்த கதையே தனி. சுகாதாரத் துறையிலிருந்து துண்டுப் பிரசுரங்கள் கட்டுக் கட்டாக வரும். மேஜைமேல் அடுக்கி வைப்பார். ஒருவரும் தொடமாட்டார்கள். ஆனாலும் கட்டு மட்டும் கரைந்துகொண்டே வந்தது. ஊர் திருந்துகிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். ஒரு சாயங்காலம் டீக்கடையில் போண்டா வாங்கினார். அது சுற்றி வந்த காகிதத்தில், 'உணவைத் தொடும் முன் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்' என்று எண்ணெய்க்கு நடுவே எழுத்து மினுமினுத்தது. போண்டாவைத் தின்றார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். நேராக அறைக்கு வந்து ஸ்டவ்வைப் பற்றவைத்து, மைதா மாவைக் கரைத்துப் பசை காய்ச்ச ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த வாரம் எங்கள் தெரு லூர்து சித்தி வீட்டு வாசலில் வழக்கம்போலப் பெண்கள் கூடினார்கள். சித்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தத் தொடர்கதையிலும் அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று எழுதினவரைவிடத் தெளிவாகச் சொல்லுவாள். நான் வாசிப்பேன், மற்றவர்கள் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே கேட்பார்கள். கதாநாயகி வசந்தா தாழ்ப்பாளை விலக்கி, கதவைத் திறந்து, வெளியே நிற்பவனைப் பார்த்து, "நீங்களா..." என்கிறாள். அதற்குக் கீழே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. சிவப்பு மையில், 'குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள்' என்று கோந்து சாரின் கையெழுத்து.

"வந்தவன் தண்ணியா கேக்குறான்?" என்றாள் சித்தி.

சீட்டின் மேல்விளிம்பில் மட்டும்தான் பசை. திரைபோலத் தூக்கிவிட்டு மேலே படிக்கலாம். அவருடைய கெட்டிக்காரத்தனம் அடுத்த கட்டத்தில் இருந்தது. இந்த வாரத்து இதழைத் திருப்பிக் கொடுத்து அடுத்ததைக் கேட்டால், அதன்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு, "சீட்டுல என்ன போட்டிருந்துச்சு?" என்பார். சொன்னால்தான் கை எழும்பும். அழுதாலும் நடக்காது, அரிசி முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தாலும் நடக்காது. முறுக்கை மட்டும் வாங்கிக்கொள்வார்.

சித்தி ஒருமுறை அவரை மடக்கினாள். மலேரியா எதனால் வருகிறது என்று கேட்டார், கொசுவால் என்றாள். கொசு எங்கே முட்டை போடுகிறது என்றார். "உங்க லைப்ரரி பின்னால கீற தொட்டியிலதான் சார், வேற எங்க போடும்" என்றாள். சார் எழுந்து பின்பக்கம் போனார். எட்டிப் பார்த்தார். இதழை அவள் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியைக் கவிழ்க்க இறங்கிவிட்டார்.

துப்பறியும் நாவல்களில் அவர் செய்தது இன்னும் பெரிய அநியாயம். கடைசிப் பக்கத்தில், கொலைகாரன் பெயர் வருகிற இடத்தில், நாலு பக்கமும் பசை தடவி ஒட்டிவிடுவார். ரைஸ்மில் கந்தசாமி ராத்திரியெல்லாம் கண்விழித்துப் படித்தவர், காலையில் உமி படிந்த தலையோடு ஓடிவந்து கத்தினார். "கொன்னவன் யாருன்னு நான் சொல்றேன். மூணு வாரமா இருமுறியே, பாகூர் ஆஸ்பத்திரியில சளியைக் காட்டிட்டு வா" என்றார் சார். கந்தசாமி காசநோய்க்குப் பயந்து போனாரா, கொலைகாரனுக்காகப் போனாரா தெரியாது, போனார். வெறும் உமித் தூசிதான் என்று சொல்லி, மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை பார்க்கச் சொன்னார்களாம். அந்தச் சந்தோஷத்தில் கொலைகாரனை மறந்தேபோனார்.

சினிமாப் பக்கத்தில் கை வைத்ததுதான் வினையாகிவிட்டது. ஒரு நடிகையின் இடுப்பை முழுசாக மறைத்து, 'துருப்பிடித்த ஆணி குத்தினால் உடனே ஊசி போட்டுக்கொள்ளுங்கள்' என்று ஒட்டிவிட்டார். இளைஞர் மன்றமே பொங்கி எழுந்தது. புகார் போயிற்று. புதுச்சேரியிலிருந்து ஜீப்பில் ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்தார்.

சாட்சியம் என்று பழைய இதழ் ஒன்றை எடுத்துப் புரட்டிய அதிகாரி, வசந்தாவின் கதையில் விழுந்துவிட்டார். ஒரு இதழ் முடிந்தது. அடுத்ததற்குக் கை நீட்டினார். சார் பழக்க தோஷத்தில் அதன்மேல் உள்ளங்கையை வைத்து, கொக்கிப்புழு உடம்புக்குள் எப்படிப் போகும் என்று கேட்டுவிட்டார். ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த எங்களுக்கெல்லாம் மூச்சே நின்றுவிட்டது. அதிகாரி பள்ளிக்கூடப் பிள்ளைபோல நிமிர்ந்து உட்கார்ந்து, வெறும் பாதத்தின் வழியாக என்று சரியாகச் சொல்லி இதழை வாங்கிக்கொண்டார். ஜீப் ஏறும்போது, "கதை பிரமாதம். ஆனா அரசாங்கச் சொத்துல பசை தடவக் கூடாது. எல்லாத்தையும் எடுத்துடுங்க" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

ஈரத்துணியை வைத்து வைத்து ஒவ்வொரு சீட்டாக உரித்தார் சார். எங்களுக்கோ திருவிழா. வசந்தா எந்த ஊர்க் கதவை வேண்டுமானாலும் திறக்கலாம், குறுக்கே யாரும் வரமாட்டார்கள். லூர்து சித்தி சுழியம் சுட்டு எல்லாருக்கும் கொடுத்தாள்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஏரிக்கரை மதகுக்கிட்ட ரோட்டில் தண்ணீர் ஏறி, பஸ் நின்றுவிட்டது. அப்போதுதான் எங்கள் தெருவில் சரோஜாவின் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. காலையில் தத்தி நடந்து விளையாடிய குழந்தை மத்தியானத்துக்குள் துவண்ட கீரைத்தண்டாகிவிட்டது. கண் உள்ளே போய்விட்டது. அழுதால் கண்ணீர் வரவில்லை. சரோஜாவின் புருஷன் ஏழுமலை டிராக்டர் ஓட்டுகிறவன். கழனியிலிருந்து டிராக்டரைக் கொண்டுவர ஓடினான். சரோஜாவின் மாமியார் கதவை அடைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டக்கூடாது, கொடுத்தால் அதுவும் சேர்ந்து போய்விடும் என்பது அவள் கட்சி. ஊரில் பாதிப்பேர் கட்சியும் அதுதான்.

லூர்து சித்தி அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். "போறது போவட்டும். போறதுக்கு மேல உள்ள ஊத்தணும். சார் ஒட்டியிருந்தாரு" என்றாள்.

வெந்நீர் ஆறவைத்தது ஒரு செம்பு இருந்தது. அளந்து ஒரு லிட்டர் ஊற்றினோம். சர்க்கரை, உப்பு இரண்டு டப்பாவும் வந்தாயிற்று. ஒன்று ஆறு ஸ்பூன், ஒன்று அரை ஸ்பூன் என்று சீட்டில் இருந்தது எல்லாருக்கும் நினைவிருந்தது. எது ஆறு, எது அரை? ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். எத்தனையோ தடவை வாய்விட்டு வாசித்த எனக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. மாற்றிப் போட்டால் பிள்ளை போய்விடும். பார்க்கலாம் என்றால் சீட்டு இல்லை; அதை உரித்ததற்குத்தான் சுழியம் தின்றிருந்தோம்.

சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். "இருங்கடி. அந்த வாரம்தான் நாத்தனாக்காரி பாயசத்துல உப்பை அள்ளிக் கொட்டுனா. வசந்தா அழுதாளே, அதுக்குக் கீழ ஒட்டியிருந்தாரு. உப்புதான் அரை. கலக்கிட்டு வாயில வெச்சுப் பாக்கணும், கண்ணீரை விட கரிக்கக் கூடாதுன்னு போட்டிருந்துச்சு."

எனக்கும் பளிச்சென்று முழுச் சீட்டும் கண்முன் வந்தது. சின்ன ஸ்பூனில் தலை தட்டி, சர்க்கரை ஆறு, உப்பு அரை. சித்தி விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். வாராவாரம் வசந்தாவுக்காக அழுதவளுக்குக் கண்ணீரின் ருசி தெரியாதா? "குடு" என்றாள். சரோஜா சின்ன ஸ்பூனால் ஊட்டினாள். குழந்தை கக்கியது. சித்தி கொஞ்சம் பொறுத்து மறுபடி கொடுக்கச் சொன்னாள். அப்புறம் தங்கியது.

அதற்குள் யாரோ சொல்லி கோந்து சார் நனைந்துகொண்டே ஓடிவந்தார். வாசற்படியைத் தாண்டவில்லை. "உப்பு எவ்ளோ போட்டீங்க?" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். பரீட்சை வைத்தே எங்களை மிரட்டிய மனிதர், ரிசல்ட் கேட்ட பிள்ளைபோல முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

டிராக்டர் வந்தது. மதகுத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பாகூருக்குப் போனோம். வழியெல்லாம் சரோஜா ஊட்டிக்கொண்டே வந்தாள்; சார் குடை பிடித்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குளுக்கோஸ் ஏற்றினார். தண்ணீர் கொடுத்துக்கொண்டே வந்ததுதான் பிள்ளையைக் காப்பாற்றியது என்றார். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டதற்கு, "தொடர்கதையில வந்துச்சு டாக்டரம்மா" என்றாள் சித்தி. அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

குழந்தை வீடு திரும்பிய கையோடு தெருப் பெண்கள் அத்தனை பேரும் கொம்யூன் ஆபீசில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். சீட்டு வேண்டும் என்றார்கள். இளைஞர் மன்றமும் கூடவே வந்தது, நடிகையை மட்டும் விட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதே அதிகாரிதான் வந்தார். உத்தரவை மாற்ற முடியாது, ஆனால் பசை கூடாது என்றுதான் அதில் இருக்கிறது, குண்டூசி கூடாது என்று இல்லையே என்றார். கிளம்பும் முன் வசந்தா கதை என்னவாயிற்று என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அதற்கப்புறம் சார் எங்களூரில் இருந்தவரை கோந்தைத் தொடவில்லை. பெயர் மட்டும் போகவில்லை. காட்டேரிக்குப்பம் பக்கம் மாற்றல் வந்தபோது ஏழுமலை அவரைப் பஸ் ஏறவிடவில்லை. கயிற்றுக் கட்டில், ஸ்டவ், ஒரு டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் டிராக்டரில் ஏற்றி, அவரையும் ஏற்றிக்கொண்டான். நாங்கள் தெரு முழுக்க நின்றோம். அவர் எங்களைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு போனார்.

டிராக்டர் ஏரிக்கரையில் திரும்பி மறையும்வரை லூர்து சித்தி அசையவில்லை. பிறகு முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு எங்கள் பக்கம் சீறினாள்.

"மத்தியானத்துக்கு அந்த மனுஷன் இன்னா சாப்புடுவாருன்னு ஒருத்தியாச்சும் கேட்டீங்களாடி?"