இடது காது ரப்பரை மாற்ற அனுமதி கோரி

ஊரப்பாக்கம்,
ஞாயிறு, பகல் சாப்பாட்டுக்குப் பின்.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை பரணிதரன் அவர்களுக்கு மாமனார் சதாசிவம் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை ஞானம்மாளும் சௌக்கியம். மழைக்கு மொட்டை மாடியில் ஓரிடத்தில் ஒழுகுகிறது, அதைத் தவிர வீடும் சௌக்கியம். படூரில் தாங்களும் எங்கள் மகள் வைஷாலியும் நலமாக இருக்க வேண்டும் என்று நேற்றுகூட விளக்கேற்றும்போது வேண்டிக்கொண்டோம்.

ஒரு பஸ் தூரத்தில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசலாம்தான். ஆனால் நாம் இருவரும் பேசினால் "சாப்பிட்டீங்களா?", "ஆச்சு மாமா", "ஆபீஸ்?", "போகுது மாமா" என்பதோடு சரக்கு தீர்ந்து, யார் முதலில் வைப்பது என்று இரண்டு பக்கமும் காத்திருக்கிறோம். கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் தாங்கள் என்னிடம் நேரில் சொன்னதையெல்லாம் சேர்த்தால் "ஆமா மாமா", "சரி மாமா", "போதும் மாமா" என்ற மூன்றில் அடங்கிவிடும், அதில் மூன்றாவது இட்லிக்குச் சொன்னது. நானும் வாய் திறக்கிற ஆள் இல்லை. அதனால், மறைப்பானேன், மாப்பிள்ளைக்கு என்னைப் பிடிக்கவில்லையோ என்று ஒரு கவலை எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. தலைதீபாவளிக்கு வந்துபோனீர்களே, அன்றோடு அந்தக் கவலை தீர்ந்தது. அதற்கு நன்றி சொல்லவும், ஒரு சின்ன அனுமதி கேட்கவும்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் கிளம்பிப் போன மறுநாள் காலை பூஜை அலமாரியைத் துடைக்கப் போன உங்கள் அத்தை, "இங்க பாருங்க, யாரோ கறுப்பு கலர்ல குங்குமச்சிமிழ் வச்சிட்டுப் போயிருக்காங்க" என்று கொண்டுவந்து நீட்டினாள். திறந்தால் உள்ளே ஒரு ஜோடி இயர்பட்ஸ். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நேரில் கொடுத்தால் "எதுக்கு மாப்பிள்ளை இதெல்லாம்" என்று நாங்கள் மறுப்போம் என்று தெரிந்து, வாய் திறக்காமல் சாமி முன்னால் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்களே, இந்தப் பண்பு யாருக்கு வரும்? அன்று சாயங்காலமே வீடியோ காலில் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு காட்டினேனே, ஞாபகம் இருக்கும். உங்கள் முகம் ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டது. நெட்வொர்க் கோளாறு என்று போனை உதறினேன். பிறகு "நல்லா இருக்கு மாமா" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும்.

அதை என் போனோடு சேர்க்க ஸ்டேஷன் ரோட்டில் மொபைல் கடை வைத்திருக்கும் ஜெபசிங்கிடம் போனேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், அட்டப்பெட்டி இல்ல, ஒயரு இல்ல, மூணு சைஸ் ரப்பர் குடுப்பான், அதுவும் இல்ல. ஒரு காதுக்குச் சின்னது, இன்னொரு காதுக்குப் பெருசு மாட்டி வச்சிகீது" என்றார். அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக்கும் வீண் குப்பை என்று எங்கள் மாப்பிள்ளை தவிர்த்திருப்பார் என்றேன். போனில் எதையோ தட்டிப் பார்த்து, "பரணின்னு பேர் வருது சார்" என்றார். "வராமல்? கொடுத்தவர் பேர் ஆயிற்றே" என்றேன். கல்யாணத்துக்கு வருகிற குடத்திலும் தாம்பாளத்திலும் கொடுத்தவர் பெயரை வெட்டித் தருவதுதானே நம் வழக்கம். எங்கள் வீட்டு இட்லிப் பானையில் இன்றைக்கும் என் சகலை பன்னீர்செல்வத்தின் பெயர் இருக்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைக்கு இயர்பட்ஸிலும் பெயர் வெட்டத் தோன்றியதே என்று நான் பூரித்துப்போனேன். ஜெபசிங் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இனி சங்கீத விஷயத்துக்கு வருகிறேன். சத்தம் அற்புதம். மெச்சுவதற்காகச் சொல்லவில்லை. என் போனில் ஒரு மூன்று மணி நேரக் கோயில் கச்சேரி இருக்கிறது. நாதஸ்வரம் வலது காதிலும் தவில் இடது காதிலும் வருகிறது, நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. ஃபேக்டரியில் முப்பத்திரண்டு வருஷம் அளவு பார்க்கும் பிரிவில் இருந்தவன் நான். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்பியவன். அப்பேர்ப்பட்ட நான் சொல்கிறேன், வலது காதுக்கு அது அச்சு வார்த்தாற்போல் பொருந்துகிறது. காலையில் மாட்டினால் மத்தியானம் வரை இருப்பதே தெரியவில்லை. முறுக்கு மட்டும் கடிக்கக்கூடாது, தலைக்குள் கல்குவாரி ஓடுகிறது.

இடதுதான் கொஞ்சம், எப்படிச் சொல்வது, நிற்க மறுக்கிறது. அதில் இருப்பது சின்ன ரப்பர். என் இடது காது பெரிது, அது உங்கள் குற்றம் இல்லை. கொட்டாவி விட்டால் விழுகிறது, குனிந்தால் விழுகிறது, உங்கள் அத்தை திடீரென்று கூப்பிட்டால் விழுகிறது. இரண்டு ரப்பரையும் இடம் மாற்றிப் பாருங்களேன் என்றாள் அவள். மாப்பிள்ளை தன் கையால் போட்டு, சாமி முன்னால் வைத்துக் கொடுத்ததை அவரைக் கேட்காமல் கழற்றுவதா? அது மரியாதையா? அதனால் குரங்குக் குல்லா போட்டுப் பார்த்தேன். ஐப்பசி மாதப் புழுக்கத்தில் குல்லாவோடு நடந்தால் ஊரப்பாக்கத்தில் எத்தனை பேருக்கு நம் மீது அக்கறை இருக்கிறது என்று தெரிகிறது. நாலு பேர் காய்ச்சலா என்றார்கள், ஒருவர் மாத்திரையே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

செங்கல்பட்டில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு ரயிலில் போனபோது குல்லாவும் இயர்பட்ஸும் சேர்ந்து காதை நன்றாக அடைத்திருந்தன. எதிர் சீட்டில் பன்னீர்செல்வம், இட்லிப் பானை கொடுத்த அதே சகலை. நான் உங்கள் அத்தையிடம் ரகசியமாக, "உன் தங்கச்சி வீட்டுக்காரன் மீசைக்கும் டை அடிச்சிருக்கான் பாரு" என்றேன். ரகசியம் என்று நினைத்தது நான்தான், என் குரல் எனக்குக் கேட்கவில்லையே. சிங்கப்பெருமாள்கோயில் வரை பெட்டியில் இருந்த அத்தனை பேரும் அந்த மீசையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அவர் செங்கல்பட்டில் இறங்கியும் என்னோடு பேசவில்லை, சாப்பாட்டுப் பந்தியில் பாயசத்தை என் இலையைத் தாண்டி அனுப்பிவிட்டார்.

அதைவிட, போன சனிக்கிழமை கோவளத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வழக்கமாக மீன் வாங்கும் பார்வதத்திடம் நெத்திலி பார்க்கக் குனிந்தேன். குல்லா போடவில்லை, கடற்கரையில் சிரிப்பார்களே என்று. இடது இயர்பட் நழுவி நேராக நெத்திலிக் கூடைக்குள் போய்விட்டது. அந்த நேரம் கச்சேரியில் தவிலின் தனி ஆவர்த்தனம். பார்வதம் துள்ளி எழுந்து, "ஐயோ, கூடைக்குள்ள எவனோ மோளம் அடிக்கிறான்!" என்று கத்த, வலை பிரித்துக்கொண்டிருந்த ஏசுதாஸ் என்ற படகுக்காரர் ஓடிவந்து கூடையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஆமா அக்கா, தவுலுதான். நல்லா வாசிக்கிறான்பா" என்றார். கூடை முழுவதையும் சாக்கில் கொட்டி மூவரும் தேடினோம். ஒவ்வொரு நெத்திலியாக எடுத்து ஏசுதாஸ் காதில் வைத்துப் பார்த்தார் என்றால் நம்ப மாட்டீர்கள். கிடைத்ததும் பார்வதம் கேட்டாள், "வயசான காலத்துல இது உனக்கு எதுக்கு சார்? எவன் வாங்கிக் குடுத்தான்?" "எங்க மாப்பிள்ளை" என்றேன். அதை எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்பதற்கு அங்கே இருந்த மொத்தக் குப்பமும் சாட்சி. அவளும் உடனே குரலை இறக்கி, "மாப்ள குடுத்ததா? அப்ப பத்திரமா வச்சிக்க" என்று சொல்லிக் கைப்பிடி நெத்திலி கூடுதலாகப் போட்டாள்.

ஆகவே தங்களிடம் பணிவாகக் கேட்டுக்கொள்வது இதுதான். இடது காது ரப்பரை மட்டும் மாற்றிக்கொள்ளத் தாங்கள் அனுமதி தர வேண்டும். பெரிய சைஸ் ரப்பர் தங்களிடம் இருந்தால் வைஷாலியிடம் கொடுத்துவிட்டால் போதும். தவறாக நினைக்க வேண்டாம். பரிசில் குறை சொல்லவில்லை, குறை காதில்தான். இத்தனை வருஷத்தில் எனக்கு வந்த பரிசுகளில் நான் தூங்கும்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்வது இது ஒன்றுதான்.

தாங்களும் வைஷாலியும் எல்லா நலனும் பெற்று நிறைந்து வாழ வேண்டும். தங்கள் பெற்றோருக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். ஞானம்மாள் தன் ஆசீர்வாதத்தோடு அரை டப்பா அதிரசமும் அனுப்புகிறாள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாமனார்
சதாசிவம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டக் கோந்து தேடிக்கொண்டிருந்தபோது உங்கள் அத்தை வைஷாலிக்குப் போன் போட்டு ரப்பர் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அதற்கு வைஷாலி சொன்னாளாம்: "அம்மா, அது அவரோடதும்மா. தலைக்கு எண்ணெய் வைக்கிறப்போ கழட்டி சாமி அலமாரியில வச்சிட்டு மறந்துட்டார்." மூன்று வாரமாக ஆபீஸ் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தன் வீட்டு லோன் கதையைச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு போகிறீர்களாமே. போய் வாங்கிவரட்டுமா என்று அவள் கேட்டதற்கு நீங்கள், "வேண்டாம், வீடியோ கால்ல மாமா முகத்தைப் பார்த்தேன், அதுக்கப்புறம் எப்படிக் கேக்கிறது, அவரே வச்சுக்கட்டும்" என்றீர்களாம்.

எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. பெயர் வெட்டியது, அட்டைப்பெட்டிக் குப்பை, சாமி முன்னால் வைத்தது என்று மேலே நான் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். ஆனால் மாப்பிள்ளை, எட்டு மாதத்தில் நீங்கள் என்னைப் பற்றிப் பேசிய மிக நீளமான வாக்கியம் அது. அத்தையை அதை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

பொருளை எலுமிச்சை தேய்த்துத் துடைத்து வைத்திருக்கிறேன், நெத்திலி வாசம் பெரும்பாலும் போய்விட்டது. தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. வரும் சனிக்கிழமை கோவளத்துக்கு வாருங்கள். நாம் ஒன்றும் பேச வேண்டாம். கரையில் உட்கார்ந்து இடதை நீங்கள் மாட்டிக்கொள்ளுங்கள், வலதை நான் மாட்டிக்கொள்கிறேன். தவில் உங்களுக்கு, நாதஸ்வரம் எனக்கு. ரப்பரை மாற்ற வேண்டாம்.