மேற்படி ஆக்டோபஸுக்கு இதயம் மூன்று

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் மகளும் உடம்பளவில் நலம். மனதளவில் எப்படி என்பதை மேலே படிக்கப் படிக்கத் தாங்களே தெரிந்துகொள்வீர்கள். அங்கே தாங்களும் அத்தானும், பதக்கம் வாங்கிய தங்கள் மகளும், அந்தப் பதக்கமும் நலமாக இருக்க வேண்டுகிறேன். தாங்கள் அனுப்பிய புகைப்படங்கள் வந்து சேர்ந்தன. ஒரே படத்தை நாலு பிரதி அனுப்பியிருக்கிறீர்கள். தவறுதலாக இருக்கும் என்றாள் என் மனைவி. எங்க அக்கா வாழ்க்கையில எதையும் தவறுதலா செஞ்சதில்ல என்று நான் சொன்னேன்.

போன கடிதத்தில் தாங்கள், நூலகத்தில் இளையோருக்குப் பரிந்துரைத்த புத்தகங்கள் அத்தனையையும் தங்கள் பெண் படித்து முடித்து முதல் பரிசும் வாங்கிவிட்டாள் என்று எழுதிவிட்டு, "உன் பெண் என்ன படிக்கிறாள்?" என்று ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். அந்த ஒரு வரிதான் அக்கா, இந்த வீட்டைப் பிடித்து ஆட்டோ ஆட்டென்று ஆட்டியது. ஏனென்றால் என் பெண் அப்போது படித்துக்கொண்டிருந்தது ஒரு கடல்கொள்ளைக்காரன் கதை. அட்டை கிழிந்து, முதுகில் ஒட்டுப்போட்டு, தலையணை கனத்துக்கு இருக்கும். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் அது, பல் தேய்க்கும்போது அது. "கூப்பிட்டா காதுல விழலையாடி?" என்று கேட்டால், "இருங்கப்பா, கப்பல் மூழ்குது" என்பாள். இதைப் போய் உனக்கு எழுத முடியுமா? நீ அதையும் நாலு பேரிடம் படித்துக் காட்டுவாய்.

நல்ல வேளையாக இங்குள்ள நூலகத்திலும் அதே மாதிரி ஒரு பட்டியலை ஒட்டினார்கள். ஒரு துறைக்கு ஒரு புத்தகம்: பாலம், எலும்பு, தேனீ, நட்சத்திரம், காசு பிறந்த வரலாறு, காளான், ஆக்டோபஸ் என்று போகிறது. எல்லாவற்றையும் பிள்ளைகள் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் குறிப்பைத் தங்கள் கையெழுத்தில் எழுதித் தர வேண்டும். பிறகு நூலகர் அம்மா நேரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார். முதலில் வருகிறவருக்குப் பதக்கம். நான் பட்டியலைக் கொண்டுவந்து குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினேன். கடல்கொள்ளைக்காரனைப் பிடுங்கி பீரோ மேல் வைத்தேன். "இதெல்லாம் முடியட்டும், அப்புறம் உன் கப்பலைப் பார்த்துக்கலாம்" என்றேன். என் உத்தியோகம்தான் உனக்குத் தெரியுமே, கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதிப்பது. கள்ள எடைக்கல்லைப் பறிமுதல் செய்யும்போது கடைக்காரர்கள் என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். என் பெண் அதே பார்வையைப் பார்த்தாள்.

முதலில் ஆக்டோபஸ். ஒரு வாரம் போயிற்று, ஒன்பதாம் பக்கத்தைத் தாண்டவில்லை. "எனக்கு ஆக்டோபஸ் பிடிக்கலப்பா. அதுக்கும் என்னைப் பிடிக்கலன்னு நினைக்கிறேன்" என்றாள். பெற்ற மனம் கேட்குமா? சும்மா ஒரு புரட்டுப் புரட்டி, குறிப்பை நானே எழுதிக் கொடுத்துவிடுவோம், அவள் பார்த்துத் தன் கையெழுத்தில் எழுதட்டும் என்று நினைத்தேன். இதிலே என்ன தப்பு? பள்ளிக்கூடப் பை கனத்தால் தூக்கித் தருவதில்லையா, அந்த மாதிரி. சும்மா புரட்ட உட்கார்ந்தவன் அக்கா, பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், கடைசி நிறுத்தத்தில் நடத்துனர் வந்து தோளைத் தட்டியபோதுதான் நிமிர்ந்தேன். அந்த ஜந்துவுக்கு மூளை கையில் எல்லாம் இருக்கிறதாம்! இதைச் சொன்னேன் என்பதற்காக நடத்துனர் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

அடுத்தது எலும்பு. என் மனைவி இடுப்பு வலி என்று படுத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகெலும்பின் அமைப்பை ஒவ்வொன்றாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, பாத்திரம் தேய்க்கிற எலும்பு எதுன்னு அதுல போட்டிருக்கா? போட்டிருந்தா எழுந்து போய் அதைக் கொஞ்சம் ஆட்டுங்க" என்றாள். படித்தவனுக்கு வீட்டில் இதுதான் மரியாதை. இதற்கு நடுவில் என் பெண் மேசையில் உட்கார்ந்து நான் எழுதிக் கொடுத்ததை நகல் எடுத்துக்கொண்டிருப்பாள். பாதியில் நிறுத்தி, "அப்பா, அந்தக் கப்பல்..." என்று ஆரம்பிப்பாள். "எழுதுடி" என்பேன்.

பாலத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அலுவலகத்துக்குப் போக நான் ஒரு வாய்க்கால் பாலத்தைக் கடக்க வேண்டும். வருஷக்கணக்காக யோசனை இல்லாமல் கடந்த பாலம். புத்தகத்தில் பாதி படித்த பிறகு உற்றுப் பார்க்கிறேன், பாலத்தின் குறுக்கே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு பிளவு! விரலை விடலாம். சரிதான், இன்றைக்கோ நாளைக்கோ என்று முடிவு பண்ணி, அன்றிலிருந்து ஊரைச் சுற்றிக்கொண்டு போனேன். தினமும் தாமதம். எங்கள் மேலதிகாரி, நாங்கள் முதுகுக்குப் பின்னால் உம்மணாமூஞ்சி என்று சொல்வோமே, அவர்தான், என்னைக் கூப்பிட்டுக் கிழி கிழி என்று கிழித்தார். நானும் விடவில்லை. பாலத்தில் இருக்கிற பிளவைப் பற்றியும், நம் எல்லார் உயிரையும் பற்றியும் எடுத்துச் சொன்னேன். அவர் மேசையைக் குத்தி, "அது பிளவு இல்லய்யா! வெயில்ல விரியறதுக்காக வேணும்னே விட்ட இடைவெளி! அடுத்த பக்கத்துலயே படம் போட்டிருக்கே, பார்க்கலையா?" என்று கத்தினார்.

கத்திவிட்டு அப்படியே வாயை மூடிக்கொண்டார். பிறகு தணிந்த குரலில், "உங்களுக்குப் பொண்ணா, பையனா?" என்றார். "பொண்ணு சார்." "எனக்குப் பையன். காளான் உங்ககிட்டதான் இருக்கா? நாலு தடவை போய்க் கேட்டுட்டேன்." நான் காளானைக் கொடுத்தேன், அவர் நட்சத்திரத்தைக் கொடுத்தார். வெளியே வந்து பார்த்தால் தட்டச்சு அம்மா கோப்புக்குள் தேனீயை வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார். அந்த மாதம் எங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு தராசுதான் சோதிக்கப்பட்டது. மளிகைக்கடைக்காரரிடம் போனால் அவர் கல்லாவுக்கு அடியில் எலும்பு. என்னைக் கண்டதும் மறைத்தார். "பிள்ளைங்க படிக்க வேண்டியதை நீங்க படிக்கிறீங்களே, இது நியாயமா?" என்று அதட்டினேன். அவர் சிரித்தார். "சார், தட்டுல நான் விரலை வெச்சா அபராதம் போடுவீங்க. நீங்க முழுக் கையையும்ல வெச்சிருக்கீங்க" என்றார். வாய்க்கொழுப்பு. அன்றைக்கு அவருடைய தராசு சரியாக இருந்து தொலைத்தது, ஒன்றும் செய்ய முடியவில்லை.

கேள்வி கேட்கும் நாளும் வந்தது. என் பெண்ணுக்குத் தலை வாரி, வழியெல்லாம் அவளைப் பாடம் ஒப்பிக்க வைத்துக்கொண்டே போனேன். "ஆக்டோபஸ் ரத்தம் என்ன நிறம்?" "தெரியலப்பா." "நீலம்டி, நீலம்! இப்பதானே சொன்னேன்!" அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்தேன். பார்த்தும், "அழுதா மறந்துடும், அழாதே" என்றேன். உள்ளே சின்னச் சின்ன நாற்காலிகளில் பிள்ளைகள். நாங்கள் வெளியே ஜன்னலில் முண்டியடித்தோம், உம்மணாமூஞ்சி உட்பட. நூலகர் அம்மா கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பவர், குரலை உயர்த்தவே மாட்டார். குறிப்புக் கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்து வாசித்தார்: "மேற்படி ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள் உள்ளன என்பது இதன்மூலம் பணிவுடன் தெரிவிக்கப்படுகிறது." எனக்கு வியர்த்தது. அடுத்ததை எடுத்தார்: "தேன் முதல் தரம். கலப்படம் கிடையாது. மொத்தமாக எடுத்தால் விலை குறையும்." மளிகைக்காரர் தலையைக் குனிந்தார்.

"பதினோரு வயசுப் பிள்ளைங்க இப்படி எழுதினா நான் டாக்டருக்குத்தான் சொல்லி அனுப்பணும்" என்றார் அந்த அம்மா. பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "நீங்க எழுந்து எந்த அலமாரிக்கு வேணும்னாலும் போங்க, எதை வேணும்னாலும் எடுங்க. ஜன்னல்ல இருக்கிறவங்க உள்ள வாங்க. படிச்சவங்ககிட்டதானே கேட்கணும்?" என்றார். போனோம். அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் காதில் இடிக்கிறது. மானம் போச்சே என்று எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் முதல் கேள்வியைக் கேட்டார்: "ஆக்டோபஸ் ரத்தம் என்ன நிறம்?" நான் என்ன செய்வேன் அக்கா, வாய் தானாகத் திறந்து "நீலம்!" என்று கத்திவிட்டது. அவ்வளவுதான். உம்மணாமூஞ்சி கையைத் தூக்கிக்கொண்டு குதிக்கிறார், மளிகைக்காரர் "எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்" என்கிறார், தட்டச்சு அம்மா தேனீ எப்படி ஆடித் தன் கூட்டத்துக்கு வழி சொல்லும் என்பதை எழுந்து நின்று ஆடியே காட்டினார். பிள்ளைகள் அலமாரிகளுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

நான்தான் முந்திக்கொண்டிருந்தேன். கடைசியாக அந்த அம்மா, "உங்க பிள்ளைக்கு இந்தப் பட்டியல்ல எந்தப் புத்தகம் பிடிச்சிது?" என்றார். தூக்கியிருந்த கைகள் எல்லாம் இறங்கிவிட்டன, அக்கா. நானும் யோசித்துப் பார்க்கிறேன். ஆக்டோபஸ் பிடிக்காது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. மேலதிகாரியைப் பார்த்தேன், அவர் தன் காலணியைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு ஒருவருக்கும் மதிப்பெண் கிடையாது. ஆக, மற்ற கேள்விகளின் கணக்குப்படி முதல் பரிசு எனக்கு. இளம் வாசகர் பதக்கம். அதை என் கழுத்தில் போட்டார்கள்.

வெளியே வந்ததும் என் பெண் பதக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நீங்க ஜெயிச்சிட்டீங்கப்பா. இனிமே நான் படிக்கலாமா?" என்று கேட்டாள்.

படிக்கிற பிள்ளையிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்கிவிட்டு, 'படி படி' என்று ஊரைக் கூட்டிய முட்டாள் உலகத்தில் உன் தம்பி ஒருவன்தான். வீட்டுக்குப் போன கையோடு பீரோவிலிருந்து கடல்கொள்ளைக்காரனை இறக்கி அவள் கையில் கொடுத்தேன். பதக்கத்தை மறுநாளே நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீயும் அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடு. பிள்ளைகள் பிடித்ததைப் படிக்கட்டும், பிடிக்காததை மூடி வைக்கட்டும். உன் பெண்ணையும் என் பெண்ணையும் ஒரே தராசில் ஏற்றாதே. இந்தப் போட்டி, பொறாமை, பதக்கம் எல்லாவற்றையும் நான் தலைமுழுகிவிட்டேன். அத்தானுக்கு என் பணிவான வணக்கம். மருமகளுக்கு ஆசி; அவள் கண்ணும் படிப்பும் நன்றாக இருக்கட்டும். தாங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும், மறுபடி புகைப்படம் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
திருந்திய தம்பி

பி.கு.: அத்தை, இது நான். கடிதம் முழுக்க என் கையெழுத்துதான், கவனிச்சீங்களா? அப்பா கிறுக்கல் உங்களுக்குப் புரியாதாம், எழுதிக் கொடுத்து நகல் எடுக்கச் சொன்னாங்க. முடிச்சாதான் கதைப் புத்தகம் கைக்கு வருமாம். இறக்கிக் கொடுத்ததா எழுதியிருக்காங்களே, அதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்துச்சு. பதக்கத்தை யாரும் திருப்பிக் கொடுக்கல, கூடத்துல கண்ணாடிக்குள்ள இருக்கு, அதுக்குத் தனியா ஒரு விளக்கு. அடுத்த வருஷப் பட்டியல் வந்தாச்சு. எரிமலைப் புத்தகத்தை மேலதிகாரி மாமாவுக்கு முன்னாடியே அப்பா எடுத்துட்டாங்க, இப்ப உள்ள உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிச்சுட்டிருக்காங்க. உங்களைப் பத்தி நடுவுல இன்னும் ரெண்டு பத்தி இருந்துச்சு, கை வலிச்சுது, விட்டுட்டேன். உங்க பொண்ணு அக்காகிட்ட பேசினேன், உங்க வீட்டு மாமாவுக்குக் கண்ணாடி பவர் ஏறிடுச்சாமே? போன வருஷம் ராத்திரி பகலா அவளுக்குக் குறிப்பு எழுதினதுலயாம், பாவம். அப்பா எழுதிக் கொடுத்ததுல இன்னும் ஒரு பக்கம் அறிவுரை இருக்கு அத்தை. அதை அப்பாவே எழுதிக்கட்டும். கப்பல் புத்தகத்தை நானே பீரோ மேலிருந்து இறக்கிட்டேன், படிக்கப் போறேன்.