ஐந்நூற்றுக்கு ஐந்நூறு வாங்கிய ராஜா

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். அங்கே உன் நலத்தை அறிய வழக்கமாக இருக்கும் ஆவல் இந்த முறை எனக்கு இல்லை. மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

இருபத்தேழு வருஷமாக நீள நோட்டில் கோடு போட்டு, சிவப்பு மையில் மார்க் எழுதி, மனக்கணக்காகக் கூட்டி நிம்மதியாக இருந்த கணக்கு வாத்தியார் நான். என் கூட்டலில் தப்பு என்று ஒருத்தர் வாய் திறந்ததில்லை. லீவுக்கு வந்த நீ சும்மா இருந்தாயா? "என்ன அத்தான், இன்னும் நோட்டா? கம்ப்யூட்டர்ல, டெக்ஸ்ட் எடிட்டர்ல வெறும் எழுத்தா அடிங்க. ஒவ்வொரு மார்க்குக்கும் நடுவுல ஒரு நிக்கிற கோடு, அவ்வளவுதான். நான் போட்டு வைக்கிற புரோகிராம் அதுவே கூட்டும், அதுவே வரிசைப்படுத்தும்" என்றாய். அந்தப் பேச்சில் மயங்கி, மூன்று பிரிவுப் பிள்ளைகள் நூற்றிருபத்தாறு பேரையும் ஒற்றை விரலால் அடித்தேன். ஒரே ஒரு பையனுக்கு ஒரே ஒரு கோட்டை விட்டுவிட்டேன். அவன் மார்க்கெல்லாம் ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்து, கணக்கு மார்க் ஆங்கிலத்தில் போய் உட்கார்ந்து, கடைசிக் கட்டம் காலியாகி, அவன் அப்பா வந்து ஸ்டாஃப் ரூம் வாசலில் அரை மணி நேரம் கத்தினார். அது போகட்டும். பரீட்சைக்கு வராதவர்களுக்குப் பூஜ்யம் போட்டிருந்தேன். பூஜ்யம் இருக்கும் இடத்திலெல்லாம் 'வரவில்லை' என்று ஒரே தட்டில் மாற்றலாம் என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய்? தட்டினேன். எழுபது வாங்கியவனுக்கு '7வரவில்லை'. நூறு வாங்கியவளுக்கு '1வரவில்லைவரவில்லை'. வகுப்பில் பாதிப் பேர் பாதி வந்து பாதி வரவில்லை! போனில் கூப்பிட்டால் நீ சிரிக்கிறாய். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "கண்ட்ரோல் இசட் அடிங்க அத்தான், பழையபடி ஆயிடும்" என்கிறாய்.

இதையெல்லாம்கூட மன்னித்திருப்பேன். ஆனால் மேலே முதல் வரியில், பார்த்து அடிப்பதற்கு மாதிரி என்று நீ ஒன்று எழுதி வைத்தாயே, உன் அக்கா உன்னைக் கூப்பிடும் செல்லப் பெயரில், 'ராஜா', ஐந்து பாடத்திலும் நூறு, அதை அழிக்க வேண்டும் என்று சொன்னாயா? வரிசைப்படுத்தியதும் முதல் இடத்தில் நீ. தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டுவிட்டார். ராஜா எந்தப் பிரிவு என்று நானும் கேட்கவில்லை, மற்ற பிரிவு வாத்தியார் யாரோ சேர்த்த பையன் என்று நினைத்துவிட்டேன். பெயிண்டர் வந்து ஹாலில் இருக்கும் பெரிய பலகையில் தங்க நிறத்தில் 'ராஜா' என்று எழுதிவிட்டுப் போயே போய்விட்டார். நீ எட்டாம் வகுப்பில் கணக்கில் பதினெட்டு வாங்கியவன், மாப்பிள்ளை!

பரிசு கொடுக்க மூன்று தடவை கூப்பிட்டார்கள். ராஜா வரவில்லை. இரண்டாம் இடம் என்று ஒரு பெண் வந்தாள், எல்லாரும் 'கண்ணாடி' என்று கூப்பிடும் பெண். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "சார், ராஜாவோட பேப்பரை ஒரு தடவை காட்டுறீங்களா? நான் எங்க விட்டேன்னு பார்த்துக்கறேன்" என்றாள். பேப்பர் கட்டு முழுக்கப் புரட்டினேன், ராஜாவே இல்லை. அப்போதுதான் உன் முதல் வரி ஞாபகம் வந்தது.

அதனால் இந்த வருஷ மார்க்கை எழுதி வைத்திருந்த நோட்டை எடுத்து எல்லாருக்கும் நானே கையால் கூட்டினேன். அங்கேதான் உன் வண்டவாளம் முழுதாக வெளியே வந்தது. உன் கம்ப்யூட்டர் அந்தப் பெண்ணுக்கு 484 காட்டுகிறது. என் கூட்டலில் 474. மற்ற இரண்டு பேர் 479, 476. ஆக உன்னைத் தள்ளிவிட்டால்கூட அவள் முதல் இல்லை, மூன்றாவது! நாளைக் காலை அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்து, கையில் இருக்கும் பரிசைத் திருப்பிக் கொடு என்று நான் சொல்ல வேண்டும். எல்லாம் உன்னால். சனிக்கிழமை வந்து அந்தச் சனியனை என் கம்ப்யூட்டரிலிருந்து வேரோடு பிடுங்கிவிட்டுப் போ. சாப்பாடு உண்டு, பேச்சு கிடையாது.

நீ நீண்ட ஆயுளோடு, என் பள்ளிக்கூடத்திலிருந்து வெகு தூரத்தில், நன்றாக இருக்க ஆசீர்வதிக்கும்,

உன் அத்தான்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட எடுத்த உன் அக்கா நோட்டையும் பார்த்தாள். 97, 94, 99, 96, 98. "கடைசி எண்ணெல்லாம் கூட்டினா முப்பத்திநாலு. நாலைப் போட்டா மிச்சம் மூணு. நீங்க ரெண்டுதான் சேர்த்திருக்கீங்க" என்றாள். நாலு தடவை கூட்டிப் பார்த்தேன். 484தான். அந்தப் பெண்தான் முதல். நாளை முதல் வேலையாகப் பெயிண்டரைக் கூப்பிடுகிறேன், பலகையில் அவள் பெயர் ஏறும்.

சனிக்கிழமை அவசியம் வா. எதையும் பிடுங்க வேண்டாம். பரணில் என் பழைய நோட்டு இருபத்தாறு இருக்கிறது. அதையெல்லாம் அடித்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். தனியாகப் பிரித்துப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.